இயற்கை முறையில் ஏறும் மூட்டைகள்

நெருப்புக்குப் பிறகு மனித குலம் கண்டுபிடித்த மிகப் பெரிய விஷயம் எங்கள் தீவனக் கிடங்கின் தரைத்தளத்தில், கழிப்பறைச் சுவரை ஒட்டிய ஒரு பிளக் பாயிண்டில் கண்டுபிடிக்கப்பட்டது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். முதுகில் மூட்டை இருந்ததால் கைதட்ட முடியவில்லை.

கண்டுபிடித்தவர் எங்கள் மேலாளர். அவர் ஒரு மின்சாரக் கார் வாங்கியிருந்தார். கார் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும், "எஸ்யூவி" என்று சொல்ல வேண்டும். எங்கள் லாரி டிரைவர்களே அதைக் கண்டால் ஒதுங்கி வழி விடுவார்கள், அவ்வளவு பெரிசு. தினமும் காலையில் அதில் ஒரு மனிதரும் ஒரு சாப்பாட்டு டப்பாவும் வந்து இறங்குவார்கள். பின்கண்ணாடியில் பச்சை எழுத்தில் ஒரு வாசகம்: "இந்த வண்டி எதையும் எரிப்பதில்லை."

பெரிய கண்டுபிடிப்பு எதுவும் உடனே வந்துவிடாது. அதற்கு முன்னால் அவர் இரண்டு சோதனைகளில் தோற்றார்.

முதல் சோதனை வீட்டில் நடந்தது. ராத்திரி சார்ஜில் போட்டால் செலவு கொஞ்சம்தான் என்று கார் விற்றவன் சொல்லியிருந்தான். கரண்ட் பில் வந்தது. அவர் மனைவி அதைப் படித்துவிட்டுச் சொன்னது, மேலாளர் வாயாலேயே எங்களுக்குத் தெரியவந்தது.

"ஏசியா, காரா? ரெண்டுல ஒண்ணுதான் ஓடும். எனக்கு வேர்க்குது. உங்க காருக்கு வேர்க்குதா?"

காருக்கு வேர்க்கவில்லை. ஏசி ஜெயித்தது.

இரண்டாவது சோதனை, காசு கொடுத்து சார்ஜ் போடும் பொது நிலையத்தில். அங்கே யூனிட் விலை வீட்டைவிட எவ்வளவோ அதிகம். தவிர வரிசை. வரிசையில் நிற்கும்போது கூட வந்த அவர் பிள்ளைகளுக்குப் பசிக்கும். பக்கத்திலேயே காபிக்கடையைத் திறந்து வைத்திருப்பவன் ஒன்றும் முட்டாள் இல்லை. வண்டி குடித்த மின்சாரத்தைவிடப் பிள்ளைகள் குடித்த மில்க் ஷேக் அதிகம் என்று மேலாளர் கண்கலங்கச் சொன்னார். அப்புறம் ஊரின் அடுத்த மூலையில் விலை குறைவான நிலையம் இருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கே போனார். நிரப்பிக்கொண்டு திரும்பி வந்தபோது பாதி தீர்ந்திருந்தது. மனம் தளராமல் மறுநாளும் போனார். இதற்குப் பெயர்தான் "ஆராய்ச்சி".

மூன்றாவது சோதனைதான் அந்த பிளக் பாயிண்ட். கிடங்கின் கரண்ட். பில் கம்பெனியுடையது. செலவு பூஜ்யம்! செருகினார். கார் "டிங்" என்றது. சரக்கு லிப்ட் "டப்" என்று இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றது.

லிப்டுக்குள் என் மச்சினன் இருந்தான்.

அவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் தம்பி. என்னோடு மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன். போன வருஷம் குடலிறக்கம் வந்து அடிவயிற்றைக் கிழித்துத் தைத்தார்கள். "இனிமேல் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்காதே. மறுபடி பிரிந்தால் என் கையில் இல்லை" என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாங்கள் எல்லோரும் போய்க் கெஞ்சியதில், லிப்டில் பட்டன் அழுத்தும் வேலை கிடைத்தது. அந்தப் பட்டனில்தான் அவன் குடல் தொங்கிக்கொண்டிருந்தது.

அவனை இறக்கியதும் "எரிசக்தித் தன்னிறைவு ஆலோசனைக் கூட்டம்" கூட்டப்பட்டது. மேலாளர் உட்கார்ந்தார். நாங்கள் தன்னிறைவாக நின்றோம்.

"லிப்டும் வண்டியும் ஒண்ணா ஓடினா லைன் தாங்கல. ஏதாவது ஒண்ணைத்தான் நிறுத்தணும். ஜனநாயக முறைப்படி உங்க கருத்தைச் சொல்லுங்க. லிப்டை நிறுத்தலாம்னு முடிவு பண்ணியாச்சு" என்றார்.

எங்களில் மூத்தவனை ஜாக்கி என்று கூப்பிடுவோம். எந்தப் பாரத்துக்கு அடியில் நிறுத்தினாலும் நிற்பான். அவன் கேட்டான்: "சார், ராத்திரி ஆள் இல்லாதப்ப சார்ஜ் போட்டுக்கலாமே?"

"போடலாம். ராத்திரி வண்டி இங்க நின்னா, நான் வீட்டுக்கு எதுல போறது?"

ஜாக்கிக்கு இது தோன்றவே இல்லை. தலைகுனிந்தான்.

"அப்ப மூட்டை எப்படி சார் மேல போகும்?" என்று நான் கேட்டேன்.

"இயற்கை முறையில."

என் மச்சினன் மட்டும் கையைத் தூக்கினான். "சார், அப்ப எனக்கு என்ன வேலை?"

"நீ லிப்ட் ஆபரேட்டர்தானே? லிப்ட் நின்னுபோச்சு. இனிமே நீயும் ஒரு லிப்ட். முடியலைன்னா சொல்லு, வெளியில ஆள் நிக்குது."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மனது வைத்திருந்தவர் ஒருவர்தான் என்பதால் சிரமம் இருக்கவில்லை.

அன்றிலிருந்து காலையில் கார் வந்ததும் லிப்ட் நிற்கும். நாங்கள் படியேறுவோம். ஒரு நாள் சரக்கு கொண்டுவந்த லாரிக்காரன், "என்னப்பா, லிப்ட் எங்க?" என்று கேட்டான்.

மச்சினன் வெளியே கையைக் காட்டினான். "அதோ, அந்தக் கார்ல இருக்கு."

படியில் மூட்டையோடு ஏறுவதற்கு எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதி வைக்கவில்லை. நடுப்படியில் நிற்கக் கூடாது. ஒருவன் நின்றால் பின்னால் வருகிறவர்கள் அத்தனை பேரும் பாரத்தோடு நிற்க வேண்டும். நின்ற பாரம் நடக்கிற பாரத்தைவிட இரண்டு மடங்கு. ஆகையால் மூச்சு போனாலும் மாடிக்குப் போய்த்தான் போக வேண்டும்.

இன்னொரு ஏற்பாடும் செய்தோம். தவிட்டு மூட்டை லேசு, புண்ணாக்கு மூட்டை கனம். மச்சினன் முறை வரும்போது தவிடாகப் பார்த்து அவன் தோளில் வைத்தோம். ஜாக்கிதான் வைத்துவிடுவான். "மாப்பிள்ளைக்கு மெத்தை போடுறேன்" என்று கிண்டல் வேறு. கொஞ்ச நாள் இது ஓடியது. மேலாளரும் மகிழ்ச்சியாக இருந்தார். பார்க்கிறவர்களிடமெல்லாம், "வீட்டுல போட்டா இவ்வளவு, வெளியில போட்டா இவ்வளவு. எனக்கு ஒரு பைசா கிடையாது" என்று விரலை வட்டமாக்கிக் காட்டுவார். எத்தனையோ பேர் அந்த வட்டத்தை வணங்கினார்கள்.

அப்புறம் ஒரு நாள் தவிடு தீர்ந்துபோனது. லாரி நிறையப் புண்ணாக்கு.

"டேய் மாப்ளே, வயித்து வலின்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போ" என்றேன்.

"போனா நாளைக்கு என் இடத்துல வேற ஆள் நிப்பான் மாமா. வைங்க."

ஜாக்கி வைக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டான். மேலாளர் மேலே ஜன்னலிலிருந்து, "அங்க என்ன கூட்டம்? எல்லாரும் சமம், எல்லா மூட்டையும் சமம்" என்றார். மச்சினன் தானே குனிந்து, இன்னொருவனைத் தூக்கிவிடச் சொல்லி ஏறினான்.

இரண்டாம் மாடிப் படியில் அவன் கால் நடுங்குவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். நின்றிருக்கலாம். பின்னால் நாங்கள் பாரத்தோடு வருவது அவனுக்குத் தெரியும். நிற்கவில்லை. மேலே போய், மூட்டையைச் சுவரோரம் ஒழுங்காகச் சாய்த்து வைத்துவிட்டு, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கினான்.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!" என்று கத்தினேன்.

மேலாளர் பதறிவிட்டார். "எதுக்கு? அது டீசல், ஒரே புகை. நம்ம வண்டி இருக்கு!" இந்தப் பெருந்தன்மையை நான் எங்கேயும் மறைக்க மாட்டேன். சீட்டில் ஒரு சாக்கை விரிக்கச் சொல்லிவிட்டு, தன் கையாலேயே பிளக்கைப் பிடுங்கினார்.

ஆனால் சார்ஜ் அப்போதுதான் ஏற ஆரம்பித்திருந்தது. பாதி வழியில் வண்டி இனிமையான பெண் குரலில், "அருகிலுள்ள நிலையத்தை அணுகவும்" என்றது. அணுகினோம். அதே காபிக்கடை. முன்னால் ஒரு கார் நின்றது. காத்திருந்தோம். எங்கள் முறை வந்தது. மேலாளர் ஒயரைச் செருகிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"போனை எடு. ஸ்கேன் பண்ணு."

"நானா சார்?"

"யோசிச்சுப் பாரு. இது கம்பெனி வேலையா? இல்ல. என் சொந்த வேலையா? அதுவும் இல்ல. உன் மச்சினன் வேலை. அப்ப யார் குடுக்கணும்? அதுவும் இங்க யூனிட் என்ன விலை தெரியுமா? கொள்ளை!"

கொள்ளைதான். கொடுத்தேன். அந்த வண்டியின் மின்சாரத்துக்குக் எங்களில் ஒருவன் பணமாகக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

பின்சீட்டில் சாக்கின் மேல் சுருண்டு கிடந்தவன் கண்ணைத் திறந்தான். "மாமா... நாம கார்லயா இருக்கோம்?"

"ஆமாடா."

"அப்ப அங்க லிப்ட் ஓடுமே. யாராச்சும் போட்டு விட்டாங்களா? பாவம், ஜாக்கி அண்ணன் இன்னும் படியேறிட்டிருப்பாரு."

மேலாளர் காபி வாங்கப் போயிருந்தார்.

மறுபடி கிழித்தார்கள், மறுபடி தைத்தார்கள். பிழைத்துக்கொண்டான். இனி பட்டன் அழுத்தவும் கூடாதாம். அவன் இடத்தில் வெளியில் நின்ற ஆள் உள்ளே நிற்கிறான். கார் தினமும் வருகிறது, "டிங்" என்கிறது.

மின்சாரக் கார் வாங்க நினைப்பவர்களுக்காக எங்கள் மேலாளரின் ஆராய்ச்சி முடிவை இங்கே பணிவோடு தருகிறேன். பொது இடத்தில் சார்ஜ் போட்டால் கைக்காசு போகும். வீட்டில் போட்டால் மனைவியின் ஏசி போகும். கிடங்கில் போட்டால் என் மச்சினனின் குடல் போகும். இதில் எது மலிவு என்று அவர் சரியாகத்தான் கண்டுபிடித்தார்.