ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை

பெருமதிப்பிற்குரிய அக்கா அவர்களின் சமூகத்திற்கு,

தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் பொண்ணும் உடம்பளவில் சுகம். அங்கு தாங்களும் அத்தானும் எல்லா நலமும் பெற்றிருக்க வேண்டும். குறிப்பாகத் தங்கள் தலை நலமாக இருக்க வேண்டும். தலையை ஏன் தனியாக விசாரிக்கிறேன் என்பது தங்களுக்கே தெரியும். முப்பத்துமூன்று வருஷத்துக்கு முன்னால், நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, "ஒரு சொட்டு இந்தத் தொண்டைக்குள் போகாது" என்று தங்கள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவன் நான். அந்தச் சத்தியம் இன்றுவரை கீறல் விழாமல் அப்படியே இருக்கிறது. ஆகவே இந்த வாரம் தங்களுக்குத் தலைவலி ஏதும் வந்திருந்தால் அது வெயிலால் வந்திருக்கும், அல்லது மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கும். என்னால் அல்ல என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

இதுக்கு மேல தாங்கள், தங்கள்னு எழுத எனக்குத் தெம்பு இல்லை அக்கா. திங்கட்கிழமை நீ போன் பண்ணி, "குடிகாரனுக்கு நான் அக்கா இல்லை"ன்னு ஒரே ஒரு வரி சொல்லிட்டு வச்சே பாரு, அன்னையிலிருந்து எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. பதினேழு தடவை திருப்பிக் கூப்பிட்டேன், நீ எடுக்கலை. அத்தானோட சிநேகிதர் அந்த இன்ஷூரன்ஸ்காரர் உங்கிட்ட என்ன சொல்லியிருப்பார்னு எனக்குத் தெரியும். நான் சட்டை முழுக்கச் சிவப்புக் கறையோட, சுவரைப் பிடிச்சுக்கிட்டு, ஒயின் கடை மாடிப்படியில தள்ளாடி இறங்கினேன், நெஞ்சோட ஒரு வாளியைக் கட்டிப் பிடிச்சிருந்தேன், இதானே? அத்தனையும் உண்மை. ஆனா நீ நினைக்கிற மாதிரி இல்லை. அந்த வாளியில என்ன இருந்ததுன்னு தெரிஞ்சா நீ குடிகாரன்னு திட்டமாட்டே, வேற ஏதாவது சொல்லித் திட்டுவே.

முதல்ல இருந்து சொல்றேன். நம்ம பொண்ணு தன்னோட வேலை பார்க்கிற ஒரு பையனைக் கட்டிக்கணும்னு சொன்னதும், நீதான் முதல்ல சரின்னு சொன்னே. பையன் தங்கம், அதுல எனக்கு ஒரு குறையும் இல்லை. பையனோட அப்பாவுக்கு ஒயின் கடைன்னு மட்டும் உங்கிட்ட நான் சொல்லலை, ஏதோ வியாபாரம்னு மென்னு முழுங்கிட்டேன், அது என் தப்புதான். கடைக்கு மேல மாடியில சனிக்கிழமை சாயங்காலம் அவரே ஒயினை ருசி பார்க்கிற வகுப்பும் நடத்துறார். வாசல்ல ஒரு பலகை: "இதுவரை தொட்டே பார்க்காதவர்களும் வரலாம், தொட்டபின் விடாதவர்களும் வரலாம், அனைவருக்கும் ஒரே பாடம்." தேதி குறிக்கிறதுக்கு முன்னால ஒரு தடவை வகுப்புல வந்து உட்காருங்க, பழகின மாதிரி இருக்கும்னு அந்த மனுஷன் கூப்பிட்டார். போனா உன் தலை போச்சு, போகலைன்னா பொண்ணு கல்யாணம் போச்சு. பொண்ணு வந்து எதிர்ல உட்கார்ந்து, "அப்பா, எனக்காக ஒரே ஒரு உதவி. அங்க வந்து எதைக் கொடுத்தாலும் 'நல்லா இருக்கு'ன்னு மட்டும் சொல்லுங்க. ரெண்டே வார்த்தை. மூணாவது வார்த்தை வேண்டாம்"னு கையைப் பிடிச்சுக்கிட்டா. அவ அம்மா போய் எட்டு வருஷத்துல அவ எங்கிட்ட எதுவுமே கேட்டது இல்லை அக்கா. சரின்னு சொல்லிட்டேன். ஆக உனக்கு ஒரு சத்தியம், அவளுக்கு ஒரு சத்தியம், ரெண்டையும் ரெண்டு தோள்ல சுமந்துக்கிட்டு மாடி ஏறினேன்.

நீள மேசை, மேல வெள்ளைத் தாள் விரிச்சிருந்தது. ஆளுக்கு நாலு கண்ணாடிக் கிளாஸ், ஒரு ஜக் தண்ணி, வெறும் ரொட்டித் துண்டு. எனக்கு இந்தப் பக்கம் ஒரு பல் டாக்டரம்மா, அவங்க வருஷக்கணக்கா வர்றவங்க. அந்தப் பக்கம் ஒரு பஸ் டிரைவர், அவருக்கு அன்னைக்குத்தான் முதல் நாள். உட்கார்ந்ததிலிருந்து, "சார், இதை எப்ப குடிக்க விடுவாங்க?"ன்னு எங்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தார். சம்பந்தி வந்தார். நரைச்ச மீசை, இஸ்திரி போட்ட சட்டை, கணக்கு வாத்தியார் மாதிரி கையில சாக்பீஸ். கிளாஸைச் சாய்ச்சுப் பாருங்க, சுத்துங்க, மூக்கை உள்ளே விடுங்க, ஒரு வாய் வச்சு நாக்குல உருட்டுங்கன்னு சொல்லிக்கிட்டே வந்தார். எனக்கு முதுகுல வேர்வை வழியுது. அப்போ, "உருட்டினதும் பக்கத்துல இருக்கிற வாளியில துப்பிடுங்க"ன்னார். அக்கா! அந்த ஒரு வார்த்தையில எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. துப்பறதா? முப்பத்தொரு வருஷம் தண்ணி பரிசோதனைக் கூடத்துல நான் வேற என்ன செஞ்சேன்? ஊருக்குப் போற தண்ணியை மோந்து, ஒரு வாய் வச்சு, உருட்டி, துப்பி, எழுதி வச்சேன். டிரைவர் பாவம், "துப்பவா இவ்வளவு தூரம் வந்தேன்?"னு புலம்பினார். நான் மட்டும் முதல் ரவுண்டுலயே ஒரு பொட்டுக்கூட மேசையில சிந்தாம வாளிக்கு நடுவுல துப்பினதைப் பார்த்து, பல் டாக்டரம்மா, "இவ்வளவு சுத்தமா துப்புற ஆளை நான் என் கிளினிக்ல கூடப் பார்த்ததில்லை"ன்னு சொன்னாங்க.

அந்தப் பாராட்டுதான் வினை. முதல் கிளாஸுக்கு நான் ஒழுங்கா, "நல்லா இருக்கு"ன்னேன். சம்பந்தி விடலை. "நல்லா இருக்குன்னா எப்படி? என்ன வாசனை வருது? தைரியமா சொல்லுங்க. இந்த அறையில தப்பான பதில்னு ஒண்ணு கிடையவே கிடையாது." எதிர்ல உட்கார்ந்திருந்த பொண்ணு மேசைக்குக் கீழே என் காலை மிதிச்சா. நான் மெதுவா, "புல்லு வெட்டின வாடை. பின்னாடி லேசா எலுமிச்சைத் தோல்"னேன். மனுஷன் முகம் அப்படியே மலர்ந்தது. ஓடிப்போய்ப் பலகையில எழுதினார். "அப்புறம்? இன்னும் என்ன?"ன்னு என் முகத்துக்கு நேரா குனிஞ்சு குனிஞ்சு கேட்கிறார், பசிச்சவன் சமையலறையை எட்டிப் பார்க்கிற மாதிரி. ரெண்டாவது கிளாஸ் சிவப்பு. அதுல துருப்பிடிச்ச பைப்பு, நனைஞ்ச கருங்கல், ஓரத்துல கொஞ்சம் மிளகுன்னு சொன்னேன். கைதட்டலே விழுந்தது அக்கா. ரிட்டையர் ஆகி ரெண்டு வருஷமா நான் சொல்ற எதையும் யாரும் ஒரு இடத்துலயும் எழுதி வச்சதில்லை. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிடுச்சு, ஒத்துக்கிறேன்.

அப்போதான் சம்பந்தி உள்ளே போய், ஒரு குழந்தையைத் தூக்கிட்டு வர்ற மாதிரி ஒரு பாட்டிலைத் தூக்கிட்டு வந்தார். மகன் பிறந்த அன்னைக்கு வாங்கினதாம். இருபத்தெட்டு வருஷமா இருட்டுல படுக்க வச்சு, அவன் கல்யாணம் கூடி வர்ற நாள்லதான் திறக்கணும்னு காத்திருந்தாராம். மகன்தான் எல்லாருக்கும் ஊத்தினான். பல் டாக்டரம்மா, "அற்புதம்"னாங்க. டிரைவர்கூட, "வேற லெவல்"னார். நான் கிளாஸை மூக்குகிட்ட கொண்டு போனேன். அக்கா, நனைஞ்ச அட்டைப்பெட்டி! பூட்டிக் கிடந்த ரூம்ல மக்கிப்போன அட்டைப்பெட்டி! எங்க பரிசோதனைக் கூடத்துல அந்த வாடை வந்துட்டா ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது, கத்திச் சொல்லி லைனை மூடணும், மாதிரியை மொத்தமா கொட்டணும், சிவப்புச் சீட்டு ஒட்டணும். முப்பத்தொரு வருஷப் பழக்கம் நான் யோசிக்கிறதுக்கு முன்னாடியே எழுந்து நின்னுடுச்சு. "யாரும் வாயில வைக்காதீங்க! லைனை மூடுங்க!"ன்னு நான் போட்ட சத்தத்துல டிரைவர் வாயில இருந்தது என் சட்டை மேல வந்தது. அதுதான் நீ கேள்விப்பட்ட கறை. அதோட நிறுத்தினேனா? மாப்பிள்ளை கையில இருந்த பாட்டிலைப் பிடுங்கி, மிச்சம் அத்தனையும் வாளியில கவுத்தேன். சட்டைப் பையில எப்பவும் அந்தச் சிவப்புச் சீட்டுல ஒரு கத்தை வச்சிருப்பேனே, போன தடவை நீ கொண்டுவந்த எண்ணெய் பாட்டில்ல ஒட்டி மூணு மாசம் நீ பேசாம இருந்தியே, அதே சீட்டுதான். "நிராகரிக்கப்பட்டது. காரணம்: பூஞ்சை வாடை"ன்னு எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, காலி பாட்டில் மேல ஒட்டினதுக்கு அப்புறம்தான் எனக்குச் சுயநினைவே வந்தது.

பொண்ணு ரெண்டு கையாலயும் முகத்தை மூடிக்கிட்டா. மாப்பிள்ளை அப்பாவைப் பார்க்கிறான். சம்பந்தி காலி பாட்டிலை வாங்கி, சீட்டை முழுசா படிச்சு, என்னை ஒரு பார்வை பார்த்து, "இன்னைக்கு வகுப்பு போதும்"னு மட்டும் சொன்னார். ஒரு வார்த்தை திட்டியிருந்தா நான் காலில விழுந்திருப்பேன். அவர் திட்டலை. எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியலை, கெட்டதை வகுப்புல விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு வாளியைத் தூக்கிக்கிட்டு இறங்கினேன். நெஞ்சோட அணைச்ச வாளி படியை மறைச்சது, சுவரைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா காலால துழாவினேன். கீழே உங்க இன்ஷூரன்ஸ்காரர் நின்னு, "என்ன சார், சௌக்கியமா?"ங்கிறார்.

இன்னையோட எட்டு நாள் ஆச்சு. பொண்ணு எங்கிட்ட பேசலை. சாப்பாடு போடறா, சட்டையைத் தோய்ச்சுப் போடறா, வாய் மட்டும் திறக்கலை. செவ்வாய்க்கிழமை என் அறைக் கதவுல ஒரு சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தது. நிராகரிக்கப்பட்டது, காரணம்ங்கிற இடத்துல "வாய்"னு எழுதி, தேதியோட கையெழுத்தும் போட்டிருக்கா. எனக்குச் சிரிக்கவும் முடியலை, அழவும் முடியலை. அந்த வீட்டுல இருந்து ஒரு போன் இல்லை, தகவல் இல்லை. ராத்திரி அவ அறையில விளக்கு எரியுது, இங்கே நான் முழிச்சுக்கிட்டு இருக்கேன். தாயில்லாத பொண்ணு வாழ்க்கையை, ரெண்டு வார்த்தையோட நிறுத்தத் தெரியாத ஒரு வாய் கெடுத்துடுச்சு அக்கா.

அதனால நீதான் கைகொடுக்கணும். சம்பந்தி வீட்டுக்கு நீயே போன் போட்டு, "என் தம்பிக்கு மூக்குதான் பெரிசு, மத்தபடி நல்லவன்"னு எடுத்துச் சொல்லு. முடிஞ்சா அடுத்த வண்டியைப் பிடிச்சுக் கிளம்பி வா, நீ நேர்ல பேசினா யாராலயும் மறுக்க முடியாது. நான் இனிமே அந்தத் தெருப்பக்கமே தலைவச்சுப் படுக்கமாட்டேன்னு அவங்களுக்கு எழுதிக் கொடுக்கவும் தயார். உன் சத்தியத்துக்கு மட்டும் ஒரு பங்கமும் இல்லை. துப்பினேன், துப்பினதைத் தவிர வேற எதுவும் செய்யலை, ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை. அத்தானுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசி, அவங்க என்னை மாதிரி இல்லாம, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி நீண்ட நாள் நல்லா இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் கோபத்துக்குப் பயந்த, உன் தலையைக் காத்த தம்பி

பின்குறிப்பு: அக்கா, வராதே. போனும் பண்ணாதே. மேல எழுதினது எதையும் மனசுல வச்சுக்காதே. உறையை ஒட்டப் போற நேரத்துல வாசல்ல சம்பந்தி. தனியா வந்திருந்தார், கையில ஒரு புது பாட்டில். நான் பேச வாயெடுக்கிறதுக்குள்ள அவரே சொன்னார். பல் டாக்டரம்மா நேத்து கடைக்கு வந்து, "அன்னைக்கு அந்தப் பூஞ்சை வாடை எனக்கும் வந்தது, உங்க முகத்தைப் பார்த்துட்டு அற்புதம்னு சொல்லிட்டேன்"னு ஒத்துக்கிட்டாங்களாம். பாட்டில் வாயை அடைச்ச கார்க் கெட்டா அப்படித்தான் ஆகுமாம். "இருபத்தெட்டு வருஷம் கெட்டுப்போனதைக் காவல் காத்திருக்கேன் சம்பந்தி"ன்னு சிரிச்சார். அப்புறம் சிரிப்பு நின்னுடுச்சு. ரெண்டு வருஷத்துக்கு முன்னால வந்த ஒரு காய்ச்சல்ல அவருக்கு வாசனையே போயிடுச்சாம். மகனுக்குக்கூடத் தெரியாதாம். "எனக்கு ஒண்ணும் தெரியறதில்லை. எல்லாரும் என் முகத்தைப் பார்த்துச் சொல்றாங்க, நான் அவங்க முகத்தைப் பார்த்துச் சொல்றேன். தப்பான பதிலே கிடையாதுன்னு நான் ஏன் சொல்றேன்னு நினைச்சீங்க? நீங்க ஒருத்தர்தான் உள்ளதைச் சொன்னீங்க. நீங்க பைப்பு, மிளகுன்னு சொல்லச் சொல்ல எனக்கு எல்லாம் திரும்பி ஞாபகம் வந்தது. சனிக்கிழமைதோறும் வந்து என் பக்கத்துல உட்காருவீங்களா?"ன்னு கேட்டார். வேற யார்கிட்டயும் சொல்லாதே அக்கா, இதைப் படிச்சதும் கிழிச்சுடு.

கல்யாணத் தேதியும் அப்பவே, அங்கேயே பேசியாச்சு. பொண்ணு கதவோரம் நின்னு எல்லாத்தையும் கேட்டிருக்கா. கண்ணைத் துடைச்சுக்கிட்டு ரெண்டு டம்ளரைக் கொண்டுவந்து வச்சா. சம்பந்தி ஊத்தினார், நான் மோந்து மோந்து ஒவ்வொண்ணா சொன்னேன், அவர் கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டார். அப்புறம் ஒரு வாய் வச்சு உருட்டினேன். நம்ம வீட்டுல துப்பறதுக்கு வாளி இல்லை. இருந்தாலும், கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டிருக்கிற மனுஷன் எதிர்ல எப்படித் துப்பறது? எட்டு நாளைக்கு அப்புறம் பொண்ணு வாயைத் திறந்து, "எப்படிப்பா இருக்கு?"ன்னா. "நல்லா இருக்கு"ன்னேன். அதுக்கு மேல எனக்கு வார்த்தை வரலை.

ஞாயிற்றுக்கிழமை காலையில பதினோரு மணிக்கு உனக்குத் தலை வலிச்சிருந்தா, அது நான்தான் அக்கா. ஒரு மாத்திரை போட்டுக்கோ.