தொண்ணூற்றேழாம் பக்கத்துக் காடைகள்

எழுதியவர் உயிரோடு இருக்கும்போது புத்தகத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லக் கூடாது. அவருக்கு ஒரு மகன் இருந்து, அவனை நாம் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டால், அந்தப் புத்தகம் இருக்கும் திசையில் தலைவைத்தும் படுக்கக் கூடாது. இந்த ஞானம் எனக்கு வந்தபோது நான் மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நான் இலக்கியவாதி எல்லாம் இல்லை. வீடு தெம்பனிஸ், வேலை ஜூரோங். சிங்கப்பூர்த் தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு எம்ஆர்டி ரயிலில் போய்வருகிறவளுக்குப் புத்தகம் இல்லையென்றால் அடுத்தவர் அக்குள்தான் காட்சி. படித்து முடித்ததும் ஃபேஸ்புக்கில் நாலு வரி போடுவேன். ‘அதிகாலையில் எழச் சொல்லும் புத்தகம். படித்துக்கொண்டே தூங்கி, இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன்.’ ‘காதலனும் காதலியும் நிலாவைப் பார்க்கிறார்கள். பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். யாராவது அவர்களுக்கு வேலை வாங்கிக் கொடுங்கள்.’ இப்படி. ஒருமுறை, முற்றுப்புள்ளியே இல்லாத ஒரு நவீன நாவலைப் பற்றி ‘புரியவில்லை’ என்று எழுதித் தொலைத்தேன். முன்பின் தெரியாத ஒருவர் பாய்ந்து வந்தார்: ‘நல்ல எழுத்துக்கு வாசகரும் உழைக்க வேண்டும்.’ (நாள் முழுக்க ஆபீஸில் உழைத்துவிட்டு, ரயிலில் நின்றுகொண்டு படிக்கிறவளிடம்!) அன்றோடு ‘புரியவில்லை’ என்று சொல்வதையே விட்டேன்.

என் காதலன் அருணுடைய அம்மா ஓய்வுபெற்ற தமிழாசிரியை. எங்கள் விஷயம் தெரிந்தும் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. “பார்க்கலாம்” என்றார். என்னத்தைப் பார்ப்பது? அந்தப் ‘பார்க்கலாம்’ நினைவுக்கு வரும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தச் சமயத்தில்தான் அவருடைய முதல் நாவல் சென்னையில் அச்சாகிப் பெட்டி பெட்டியாக வந்து சேர்ந்தது. லிட்டில் இந்தியாவில் வெளியீட்டு விழா. என்னைக் கூப்பிட்டு ஒரு பிரதியைக் கையில் கொடுத்தார்.

“செல்வி, வாசகர் பார்வைன்னு நீ அஞ்சு நிமிஷம் பேசு. ஜால்ரா அடிக்க நிறைய பேர் வர்றாங்க. நீ உண்மையைப் பேசணும்.”

“சரி ஆன்ட்டி.”

பரீட்சை நாவலுக்கு இல்லை, எனக்கு என்பதுகூடவா தெரியாது?

விழுந்து விழுந்து படித்தேன். நாயகி கமலா. கணவன் கப்பல் பட்டறைக்கு வேலைக்குப் போனவன், திரும்பவில்லை. கமலா மழையில் நிற்கிறாள். கம்பெனி பஸ் வருகிறது. ‘கடைசியாக இறங்கியவர்’ என்று தொண்ணூற்றாறாம் பக்கம் பாதி வாக்கியத்தில் முடிகிறது. பதறிப்போய்த் திருப்பினால், ‘காடைக் குஞ்சுகளுக்கு முதல் வாரம் பல்பு போட்டுச் சூடு கொடுக்க வேண்டும்.’

தீவனம், கூண்டு, முட்டை, எச்சம் என்று பதினாறு பக்கம். அதற்கப்புறம் கமலா மருத்துவமனையில் அழுதுகொண்டிருக்கிறாள். பக்க எண்களோ வரிசை பிசகாமல் இருந்தன. புத்தியுள்ள எவளும் அருணுக்கு ஒரு போன் போட்டிருப்பாள். எனக்கு அந்த ‘வாசகரும் உழைக்க வேண்டும்’ ஆசாமி நினைவுக்கு வந்தார். சரி, உழைத்துவிடுவோம் என்று பென்சிலால் அடிக்கோடிட ஆரம்பித்தேன்.

விழாவில் கூட்டம் நிறைந்திருந்தது. நான் பட்டுச்சேலையில் போய் நின்று சொன்னேன்: “இந்த நாவலின் உச்சம் காடைகள்தான். கமலா தன் பிள்ளைக்குக் கொடுக்க முடியாத சூட்டை ஒரு பல்பு கொடுக்கிறது. தண்ணீர்க் கிண்ணத்தில் குஞ்சுகள் மூழ்காமலிருக்க உள்ளே கூழாங்கல் போடச் சொல்கிறார் ஆசிரியர். நம் துயரத்துக்குள் கூழாங்கல் போடுவது யார்?” சிலர் கைதட்டினார்கள். ஆன்ட்டி மட்டும் மேடையில் தன் பிரதியை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்தார். ஆனந்தத்தில் திக்குமுக்காடுகிறார் என்று நினைத்தேன்.

அடுத்து விழாத் தலைவர் எழுந்தார். “செல்வி சொன்னதுபோல, காடை ஒரு குறியீடு. படித்த அன்றிரவு எனக்கு உறக்கமில்லை” என்றார். வாழ்த்துரைக்கு வந்தவர், காடை என்பது புலம்பெயர்ந்தோரின் சிறகு என்றார். (காடை அதிகம் பறக்காது. நான்தான் படித்திருந்தேனே.)

கடைசியில் ஆன்ட்டி ஏற்புரைக்கு எழுந்தார். “எல்லாரும் காடையைப் பாராட்டினீங்க, ரொம்ப நன்றி. என் நாவல்ல காடையே கிடையாது.”

என் பிரதியை வாங்கிப் பார்த்துவிட்டு அவரே விளக்கினார். அச்சகத்தில் பதினாறு பதினாறு பக்கமாக அச்சடித்து, மடித்து, சேர்த்துக் கட்டுவார்கள். அந்த மடிப்புக்குப் பாரம் என்று பெயர். அதே அளவில் அச்சான ஒரு காடை வளர்ப்புக் கையேட்டின் ஏழாம் பாரம் என் புத்தகத்துக்குள் குடியேறிவிட்டது. என்னுடையதில் மட்டும். தலைவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ரொம்ப நேரம் குடித்தார்.

நான் பின்வாசல் பக்கம், பீஹூன் நூடுல்ஸ் தட்டை வைத்துக்கொண்டு அழுதேன். போச்சு, எல்லாம் போச்சு. ‘பார்க்கலாம்’ இனி ‘பார்த்துவிட்டேன்’ ஆகிவிடும். அருண் ஓடிவந்தான்.

“என்ன செல்வி, ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம் லா!”

“உன்னைக் கேட்டா? நீ படிச்சிருக்கியா?”

“கவர் எல்லாம் பார்த்தேன். பின்பக்கம் படிச்சேன்.”

“ரெண்டு வாரமா என்கிட்ட சூப்பர்னு சொன்னே?” என்று ஒரு குரல். ஆன்ட்டி அவனுக்குப் பின்னால் நின்றார். வகுப்பறைகளை ஆண்ட அந்தக் குரலில் அவனுக்கு அப்போது கிடைத்ததை இங்கே எழுத முடியாது. அப்புறம் என் பக்கம் திரும்பி, கையிலிருந்த டிஷ்யூவை நீட்டினார். “அழாதே மா. நான் எழுதாததையும் சேர்த்துப் படிச்சவ நீ ஒருத்திதான். அடுத்த வாரம் உங்க அம்மா அப்பாவை வீட்டுக்குக் கூட்டிட்டு வா.”

இப்போது அவர் எனக்கு அத்தை. குடும்பத்தில் யார் புரியாத எதைச் சொன்னாலும், “காடை வந்துடுச்சு” என்கிறார்கள். என் மானம் போனதை, வருகிற விருந்தாளிக்கெல்லாம் பலகாரத்தோடு பரிமாறுகிறான் அருண். போன மாதம் அத்தை இரண்டாவது நாவலின் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார். முழுவதும் படித்து, நன்றாக இருக்கிறது என்றேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“உண்மையைச் சொல்லு செல்வி. அந்தக் காடை அளவுக்கு இருக்கா?”

இன்னொரு தடவை படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று நாளைக் கடத்துகிறேன். அத்தையும் விடுவதாக இல்லை.