சேஃப்டி பாலைவனத்துக்கு வந்த கதை

ஆக்லாந்து நகரத்தில் இன்றுவரை ஒருவரும் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்து மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை என்றால், அதற்கு முழுமுதற் காரணம் எங்கள் சேஃப்டிதான். அரசாங்கமோ ஆஸ்பத்திரிகளோ அந்தப் பெருமைக்குப் பங்கு கேட்டு வர முடியாது.

ஏவன்டேலில் ரயில் பாதையை ஒட்டி எங்கள் கம்பெனியின் கிடங்கு இருந்தது. கப்பலில் வந்திறங்கும் பச்சை வாழைக்காயை மூடிய அறைகளில் பழுக்கவைத்துக் கடைகளுக்கு அனுப்புகிற கம்பெனி. நான் அங்கே கணக்கு எழுதினேன். சேஃப்டி அங்கே பாதுகாப்பு அதிகாரி. மலேசியாவில் கிள்ளான்காரர். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. அவர் மனைவியே ஆபீசுக்குப் போன் செய்தால், "சேஃப்டி இருக்காரா?" என்றுதான் கேட்பார்.

திருச்சியிலிருந்து வந்து நான் வேலையில் சேர்ந்த முதல் நாள், வாசலில் ஒரு குள்ளமான மனிதர் பளீரென்ற ஆரஞ்சுச் சட்டையில் வழிமறித்து நின்றார். கக்கத்தில் ஒரு மஞ்சள் பலகை. தரை ஈரமாக இருக்கிறது, கவனம் என்று எழுதி, கூடாரம் மாதிரி விரித்து வைப்பார்களே, அது.

"பசியாறியாச்சா தங்கச்சி?" என்றார்.

"ஆச்சுங்க."

"நல்லது. இப்ப செருப்ப கழட்டி அடிப்பக்கம் காட்டுங்க."

காட்டினேன். விரலால் தடவிப் பார்த்து, ஜாதகத்தில் கோளாறு கண்டவர்போல உச்சுக்கொட்டினார். "வழுவழுன்னு இருக்கு. இதப் போட்டுக்கிட்டு வந்தா இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு நீங்க விழுவீங்க. நான்தான் தூக்கணும்."

அன்று முழுவதும் எனக்குப் பெரிய அளவு ரப்பர் பூட்ஸ் கொடுத்து உட்காரவைத்தார். கணக்கு எழுத எதற்கு பூட்ஸ் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

தகனினியில் அவர் வீடு. மோட்டார்வேயில் இடதோரமாக, மாட்டு வண்டிக்குப் போட்டியாக வருவார். பின்னால் வரும் லாரிக்காரர்கள் பொறுமை இழந்து ஹாரன் அடித்தால், வழி சொன்னதற்கு நன்றி என்பதுபோலக் கையாட்டுவார். மனைவியை முன் சீட்டில் உட்காரவிட மாட்டார். விபத்து நடந்தால் பின் சீட்தான் நல்லதாம். அந்த அம்மா பல வருடங்களாக ராணி மாதிரி பின்னால் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தார். யாரோ பெரிய இடத்து ஆள், டிரைவர் வைத்திருக்கிறார் என்று அவர்கள் தெருவில் பேச்சு.

இப்படிப்பட்டவர் இருந்த ஆபீசில்தான், எங்கள் மேலாளர் கிரெக் ஒரு ஜூலை மாதம் அந்த அறிவிப்பைச் செய்தார். அவர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், மலையேறுவதென்றால் உயிர். ஆபீசில் இருக்கும் நாங்கள் நாலு பேரும் ஒரே குழுவாக மனம் ஒன்றிப் பழக வேண்டுமாம். அதனால் முதுகில் மூட்டை கட்டிக்கொண்டு பாலைவனத்துக்குள் நடந்து, ஒரு பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் குடிலில் தங்கிவிட்டு வர வேண்டுமாம்.

அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"பாலைவனமா? வெயில்ல கறுத்துட்டு வந்து நிக்காதடி. மோர் கரைச்சு எடுத்துட்டுப் போ."

அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. இந்தப் பச்சைப் பசேல் நாட்டில் பாலைவனம் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. தெற்கே பாதி நாள் காரில் போனால், எரிமலைகளின் அந்தப் பக்கம், புல்கூட ரொம்ப யோசித்து முளைக்கிற கருமணல் வெளி ஒன்று வரும். நடுவே போகும் நெடுஞ்சாலைக்குப் பாலைவனச் சாலை என்றே பெயர். இங்கே ஜூலைதான் கடுங்குளிர் காலம்; அப்போது அங்கே மோரை வெளியே வைத்தால் கட்டியாகிவிடும். பனி பெய்யும் பாலைவனம்.

போகவே கூடாது என்று சேஃப்டி ஒரு வாரம் வாதாடினார். கிரெக் மசியவில்லை. அப்படியென்றால் தானும் வந்தே தீருவேன் என்றார். "நான் வராட்டி உங்கள யாரு பாத்துக்குவா?"

எங்களோடு வர இருந்த நாலாவது ஆள் தர்ஷினி. சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்த யாழ்ப்பாணத்துப் பெண். அவள் என் காதருகே வந்து, "அக்கா, உந்த மனுசன் வந்தா நாங்கள் காரை விட்டே இறங்கேலாது," என்றாள்.

முதலில் பயிற்சி. மூட்டை தூக்கிப் பழக வேண்டும் என்று, எங்கள் முதுகுப் பைகளில் வாழைக்காய்ச் சீப்புகளை அடுக்கி, கிடங்கின் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிச் சுற்றி நடக்கவைத்தார். ஆளுக்கொரு விசில். வளைவு வந்தால் ஊத வேண்டும். "பைய கழட்டுறப்ப மொதல்ல நெஞ்சு கிளிப்பு, அப்பறம் இடுப்பு கிளிப்பு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லணும்," என்று மனப்பாடம் செய்யவைத்தார். லாரி டிரைவர்கள் தேநீர்க் கோப்பையோடு வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் மட்டும், நாங்கள் என்ன தவறு செய்தோம், இது என்ன தண்டனை என்று கிரெக்கிடம் தனியாக விசாரித்தார்.

அப்புறம் ஆபத்துகளை ஒவ்வொன்றாக வாசித்தார். வழுக்கல், குளிர், கல் உருளுதல், எரிமலை வெடித்தல். கடைசியாக, "ஒட்டகம் கடிக்கிறது. அது இல்ல. போன் போட்டுக் கேட்டுட்டேன்."

கிளம்பினோம். கிரெக் வண்டி ஓட்ட, வேகத்தைக் கண்காணிக்கப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்த சேஃப்டி தரையில் இல்லாத பிரேக்கை ஆக்லாந்திலிருந்து கடைசிவரை மிதித்துக்கொண்டே வந்தார். வழியில் பெரிய ஏரிக் கரையில் சாப்பிட நிறுத்தினோம். கடல் மாதிரி நீலமாக விரிந்து கிடந்தது ஏரி. சேஃப்டி இறங்கவில்லை. சீட் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் கறி அடைத்த ரொட்டியைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தார்.

"வாங்கண்ணே, தண்ணி எவ்வளவு அழகா இருக்கு பாருங்க."

"இங்கேருந்தே தெரியுது லா. தண்ணி பக்கம் மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க தங்கச்சி. நீச்சல் தெரியாது. பாத்தாலே கால் வெடவெடங்குது."

வழக்கமான முன்னெச்சரிக்கைக் குரல் இல்லை அது. குழந்தை இருட்டைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது. நான் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை.

பாலைவனத்தில் இறங்கி நடந்தோம். கருமணலின்மேல் அங்கங்கே பனி வெள்ளையாகக் கிடந்தது. காற்று ஆளைத் தள்ளியது. வெகு நேரம் சமதரையாகவே போன நிலம், சட்டென்று ஒரு இடத்தில் பிளந்துகொண்டு கீழே போயிற்று. எட்டிப் பார்த்தால் பத்துப் பனை ஆழம். அடியில் ஓர் ஓடை நூல் மாதிரி ஓடியது. நான் அந்த அழகில் வாய்பிளந்து நின்றபோது, பின்னால் டக்கென்று ஒரு சத்தம். சேஃப்டி முதுகுப் பையிலிருந்து மஞ்சள் பலகையை எடுத்து விளிம்பில் விரித்து வைத்திருந்தார்.

"இதையுமா தூக்கிட்டு வந்தீங்க?"

"பின்ன? இங்க வழுக்காதா?"

நாங்கள் ஒற்றையடிப் பாதையில் இறங்கினோம். அவர் மட்டும் பலகையை மடித்துப் பையில் வைத்துவிட்டு, ஏணியில் இறங்குவதுபோலப் பாறையைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்கினார். எதிரே வயதான வெள்ளைக்காரத் தம்பதி ஏறி வந்தார்கள். அந்தக் குளிரில் இருவரும் அரைக்கால் சட்டை! சிவந்திருந்த அவர்கள் முழங்கால்களைப் பார்த்து சேஃப்டி பதறிப்போய், தன்னிடமிருந்த கம்பளிக் கால்சட்டையை எடுத்து நீட்டினார். பெரியவர் சிரித்து, எல்லாம் சரியாகிவிடும் என்பதற்கு இந்த நாட்டுக்காரர்கள் எதற்கெடுத்தாலும் சொல்லும் ஆறுதலைச் சொன்னார்: "ஷீ வில் பி ரைட்!"

அவர்கள் போனதும் சேஃப்டி கவலையோடு என் பக்கம் திரும்பினார்.

"எவ அவ?"

தர்ஷினி சிரித்துச் சிரித்துப் பாறைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

குடிலுக்குப் பத்திரமாகச் சேர்ந்து, தங்கி, மறுநாள் காலை புறப்பட்டபோது புதுப் பனி விழுந்து எல்லாம் வெள்ளையாகியிருந்தது. ஓடையைக் கடக்கும் பாலத்தில் பனி உறைந்திருக்கிறதா என்று பார்க்க கிரெக் முன்னால் போனார். தர்ஷினி கரையோரமாக நடந்துகொண்டிருந்தாள். பனிக்குக் கீழே கரை என்று ஒன்று இல்லை, வெறும் சாம்பல் மண்தான் இருந்தது என்பது அது இடிந்த பிறகுதான் தெரிந்தது. என் கண்ணெதிரே அவள் மண்ணோடு மண்ணாகச் சரிந்து ஓடையில் விழுந்தாள். தண்ணீர் அவளை இழுத்துப்போய், இரண்டு பாறைகளுக்கு நடுவே முதுகுப் பை சிக்கி நிறுத்தியது. நெஞ்சளவு பனித் தண்ணீர்.

"அக்கா! காலை அசைக்கேலாமக் கிடக்கு! அக்கா!"

விசிலை வாயில் வைத்துக் கண்டபடி ஊதினேன். பக்கத்தில் சேஃப்டி வெளுத்துப்போய் நின்றார். ஒரு கணம்தான். பையை இறக்கினார். மஞ்சள் பலகையை எடுத்தார். இடிந்த இடத்தில் ஒழுங்காக விரித்து, நேராக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு, "தங்கச்சி, இந்தப் பலகையத் தாண்டி வராதீங்க," என்று சொல்லிவிட்டு, கயிறுகூடக் கட்டாமல் உட்கார்ந்த வாக்கில் சறுக்கி அவர் ஓடையில் இறங்கிவிட்டார்.

"வராதேங்கோ அண்ணை! உங்களுக்கு நீச்சல் தெரியாது!" அந்த நிலையிலும் கத்தினாள் தர்ஷினி.

இடுப்பளவு தண்ணீர் அவரைத் தள்ளியது. பாறை பாறையாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனார். "முருகா, முருகா" என்ற சத்தம் பள்ளத்தாக்கு முழுக்க எதிரொலித்தது. நடுநடுவே உத்தரவும் வந்தது. "மொதல்ல நெஞ்சு கிளிப்பு! அப்பறம் இடுப்பு! பைய விடும்மா, போனாப் போகுது!"

பை ஓடையோடு போயிற்று. அவர் அவளை மட்டும் அணைத்து இழுத்துக் கரை சேர்த்தார். அதற்குள் கிரெக்கும் ஓடிவந்து, இருவரையும் கை கொடுத்து மேலே தூக்கினார்.

தர்ஷினியின் கணுக்கால் உடைந்திருந்தது. உடம்பு கட்டையாக விறைத்திருந்தது. சேஃப்டி தன் மேலாடைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். வெங்காயம் உரிப்பதுபோல உள்ளிருந்து வந்துகொண்டே இருந்தன. நான் அவளுக்கு உடை மாற்றிவிடும்வரை பாறையைப் பார்த்துத் திரும்பி நின்று, பற்கள் கிடுகிடுக்க, "தலைக்குத் துணி கட்டுங்க, தேய்க்காதீங்க, பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க," என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். அப்புறம் மஞ்சள் பலகையை எடுத்துவந்து, உடைந்த காலை அதன் இரண்டு மடிப்புக்கும் நடுவே வைத்து, தன் ஆரஞ்சுச் சட்டையால் இறுக்கிக் கட்டினார்.

தர்ஷினி குனிந்து தன் காலைப் பார்த்தாள். தரை ஈரம், கவனம். "உது உண்மைதான் அண்ணை," என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

ஆபத்தில் அழுத்தினால் மீட்புக் குழுவுக்குச் சேதி போகும் சின்னக் கருவி ஒன்று கிரெக்கிடம் இருந்தது. அது இல்லாமல் காரில் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்து எடுத்துவரச் செய்தவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஹெலிகாப்டர் வந்தது. இறங்கி ஓடிவந்த பெண்மணி, இந்தக் கட்டுப் போட்டது யார் என்று கேட்டார். ஒற்றைப் போர்வையில் நடுங்கிக்கொண்டிருந்த சேஃப்டி, ஹெலிகாப்டர் பக்கம் போகும்போது தலையைக் குனிந்துகொள்ளுங்கள் என்று அந்த அம்மாளுக்கே புத்தி சொன்னார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவரிடம் கேட்டேன். "தண்ணின்னா பயம்னீங்களே அண்ணே?"

"பயமாத்தான் இருந்துச்சு தங்கச்சி. இப்பவும் இருக்கு," என்று குனிந்து, தண்ணீரில் ஊறிப்போயிருந்த தன் பூட்ஸைப் பார்த்தார். பிறகு, "பூட்ஸ் வேற புதுசு," என்றார்.

திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்ததும் முதல் காரியமாகத் தன்மேலேயே ஒரு புகார் எழுதினார். கயிறு கட்டாமல் தண்ணீரில் இறங்கிய ஊழியருக்கு எச்சரிக்கை தர வேண்டும் என்று. கிரெக் கையெழுத்துப் போட மறுத்தார். "எனக்கு ஒரு சட்டம், மத்தவங்களுக்கு ஒரு சட்டமா?" என்று அன்று முழுவதும் கிரெக்கின் அறையிலேயே உட்கார்ந்துவிட்டார். கடைசியில் கிரெக் தலையிலடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பாராட்ட வேண்டிய செயலுக்கு எச்சரிக்கை வாங்கிக்கொண்டு, சந்தோஷமாக வீட்டுக்குப் போனார் சேஃப்டி.

தர்ஷினி பழையபடி நடக்கத் தொடங்கிய பிறகுதான் அவர் வேலையை விட்டார். கிள்ளானில் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பேரக்குழந்தை தவழ ஆரம்பிப்பதற்குள் வீட்டிலுள்ள மேசை முனைகளுக்கெல்லாம் பஞ்சு ஒட்ட வேண்டுமாம். விமான நிலையத்தில் எங்கள் மூவருக்கும் கை கொடுத்தார். மனைவியைக் ஜன்னலோரச் சீட்டில் உட்காரவைக்கலாமா கூடாதா என்ற கவலையோடு உள்ளே போய் மறைந்தார்.

மறுநாள் ஆபீசில் மூன்று பேருக்கும் கண்கள் சிவந்திருந்தன. முதலில் தர்ஷினிதான் வாய் திறந்தாள். விமானங்கள் வானத்தில் எங்கே போகின்றன என்று காட்டும் அந்தப் படத்தைப் போனில் திறந்துவைத்து, அவருடைய விமானம் கோலாலம்பூரில் இறங்கும்வரை தூங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

கிரெக் தன் போனை எடுத்து மேசைமேல் வைத்தார். அதே படம். நானும் என்னுடையதை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன்.