மொதப்பக்கமும் பேரிகை மேகமும்

உலகத்தின் எந்த மூலையில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும், அதற்குப் பதில் எழுதி வைத்திருப்பவர் எங்கள் மொதப்பக்கம்தான். கனடாவில் ஒருவர் வீட்டுக் கூரையில் பனி தேங்கிவிட்டதா? ஆஸ்திரேலியாவில் ஒரு பூனை சாப்பிட மறுக்கிறதா? லண்டனில் ஒரு பெண்மணிக்குக் கடைவாய்ப் பல் வலியா? கவலையே வேண்டாம். ஓசூர் பாகலூர் சாலையில், ஒரு பேக்கரியின் மாடியில், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மனிதர் இதற்கெல்லாம் ஏழு ஏழு வழிகள் எழுதிப் போட்டிருப்பார். அவர் பூனை வளர்த்ததில்லை, கூரையில் பனி கொட்டிப் பார்த்ததில்லை. பல் விஷயத்தில் மட்டும் அனுபவம் உண்டு, பாதிப் பல் போய்விட்டது.

எங்கள் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். யாராவது ஒருவர் போல்ட், நட்டு செய்து விற்கிறார் என்று வையுங்கள். நெட்டில் போல்ட் என்று தேடினால் அவர் வெப்சைட் முதலில் வர வேண்டும். அதற்காக நாங்கள் கட்டுரை எழுதுவோம். கட்டுரையின் வயிற்றுக்குள் அவருடைய லிங்கை வைத்து, இடம் கொடுக்கிற தளத்தில் எல்லாம் கொண்டு போய் ஒட்டுவோம். இத்தனை பேர் கை காட்டுகிறார்களே, பெரிய ஆளாகத்தான் இருப்பார் என்று தேடுகிற இயந்திரம் நம்பிவிடும். மாநாட்டுக்கு லாரியில் ஆள் ஏற்றிக்கொண்டு போவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

"ரெண்டாம் பக்கம்னா சுடுகாடு குரு. அங்க பொணத்த ஒளிச்சு வெச்சாக்கூட ஒருத்தன் பாக்க மாட்டான். மொதப் பக்கத்துக்கு வரணும்" என்பார். ஒரு நாளைக்குப் பலமுறை என்பார். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. ஓசூரில் கன்னடக் காற்று அடிப்பதால் அவருக்கு எல்லோரும் 'குரு'தான். என்னையும் அப்படித்தான் கூப்பிடுவார், பேக்கரியில் முட்டை இறக்குகிறவரையும் அப்படித்தான் கூப்பிடுவார். அவருடைய நிஜப் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. பல் டாக்டர் ராபர்ட், மூன்று குழந்தைகளின் தாய் எமிலி, ஓய்வு பெற்ற மாலுமி ஜார்ஜ் என்று ஒரு நாளில் பல பேராக வாழ்கிறவரிடம் அசல் பெயரைக் கேட்கக் கூச்சமாக இருந்தது.

தொழில் அவர் ரத்தத்தில் கலந்துவிட்டது என்று சொன்னால் அது வெறும் பேச்சில்லை. பேக்கரிக்காரர் தன் மகளின் காதணி விழாவுக்கு பேனரில் போட நாலு வரி எழுதித் தரச் சொன்னார். மறுநாள் சாலையோரம் பேனர் நின்றது: 'ஓசூரில் காதணி விழா: எங்கே, எப்போது, ஏன்? நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஐந்து விஷயங்கள்.' ஐந்தாவது விஷயம் பந்தி. ஊரில் பாதிப் பேர் அழைப்பே இல்லாமல் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பேக்கரிக்காரர் எங்களுக்கு டீ கொடுப்பதை நிறுத்திவிட்டார்.

"பாத்தியா குரு ரீச்ச?" என்று இவர் பூரித்துப் போனார்.

ஆனால் இந்த மனிதரிடம் ஒரு கோளாறு இருந்தது. எழுதுகிற பொய்யை எழுதிய கையோடு மறக்கத் தெரியாது. ஒருமுறை ஏதோ ஒரு நாட்டுப் புறா வளர்ப்பாளர்களின் தளத்தில் போல்ட் கம்பெனி லிங்கைச் சொருகுவதற்காக, 'நானும் புறா வளர்ப்பவன்' என்று எழுதிவிட்டார். உடனே ஒருவர், என் புறா ஒரு காலைத் தூக்கிக்கொண்டே நிற்கிறது, என்ன செய்வது என்று கேட்டார். நாங்களாக இருந்தால் ஓடியிருப்போம். இவர் அரை நாள் லீவு போட்டுவிட்டு கால்நடை ஆஸ்பத்திரி வரிசையில், ஆடு மாடுகளுக்கு நடுவே, கையில் எதுவும் இல்லாமல் நின்றார்.

"புறா எங்கப்பா?" என்று டாக்டர் கேட்டிருக்கிறார்.

"வெளிநாட்டுல இருக்குதுங்க சார்."

டாக்டர் துரத்தவில்லை என்பது ஆச்சரியம். மருந்து எழுதிக் கொடுத்தார். புறா பிழைத்துவிட்டதாகப் பதில் வந்த அன்று மொதப்பக்கம் எங்கள் எல்லோருக்கும் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார்.

இப்படிப்பட்டவரிடம்தான் ரீட்டா அக்கா வந்து சேர்ந்தார். பக்கத்து ஊரான பேரிகையில், சாலையோரம் மெஸ் வைத்திருப்பவர். ராகிக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் அவர் கையில் தனி ருசி. மூட்டு வலியோடு எங்கள் மாடிப்படி ஏறி வந்தவர், உட்காரும் முன்பே ஆரம்பித்தார்.

"கம்பெனி பஸ்ஸெல்லாம் ரூட்ட மாத்திட்டாங்கப்பா. நம்ம பக்கம் இப்ப சனமே வர்றதில்ல. கிறிஸ்மஸ் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள யாவாரம் எழலன்னா கதவச் சாத்திட்டு மறுபடியும் கம்பெனிக்கே போவணும். இந்த முட்டிய வெச்சிக்கினு ஷிப்டு பூரா நின்னு வேல செய்ய முடியுமா சொல்லு? கோயில்ல பசங்க சொன்னாங்க, நெட்டுல போட்டா சனம் வரும்னு."

"வரும்க்கா. மொதப் பக்கத்துல வர வெக்கிறேன்" என்றார் இவர்.

வெப்சைட் தயாரானது. ஆனால் 'பேரிகை மெஸ்' என்று உலகத்தில் ஒரு ஆத்மா தேடவில்லை. தேடாத வார்த்தைக்கு முதல் பக்கத்தில் வந்து என்ன பிரயோஜனம்? மொதப்பக்கம் இரண்டு நாள் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு பெங்களூர்க்காரர்கள் வெள்ளிக்கிழமை ஆனால் என்ன தேடுகிறார்கள் என்று கண்டுபிடித்தார். சூரிய உதயம், வியூ பாயிண்ட், ஒரே நாளில் போய்வரும் இடம்.

உட்கார்ந்தார், எழுதினார். 'பெங்களூரிலிருந்து ஒரே நாளில் போய்வர ஏழு இடங்கள்.' ஆறு இடங்கள் நிஜம். ஏழாவது, பேரிகை மேகப் பாறை. விடியலில் பாறை மேல் நின்றால் மேகம் உங்கள் காலடியில் மிதக்கும். வழி காட்ட அம்புக்குறியும், உட்கார்ந்து ரசிக்கக் கல் இருக்கையும் உண்டு. இறங்கி வந்தால் ரீட்டா மெஸ்ஸில் சுடச்சுடக் களி. எமிலி எழுதியதாக ஒன்று, மாலுமி ஜார்ஜ் எழுதியதாக ஒன்று, இப்படியே தலையையும் வாலையும் மாற்றி நாற்பது தளங்களில் விதைத்துவிட்டார்.

அந்தப் பாறை, மெஸ்ஸுக்குப் பின்னால் ஏரியோரம் ரீட்டா அக்கா மிளகாய் காயப்போடுகிற மொட்டைப் பாறை. மொதப்பக்கம் அதை நேரில் பார்த்ததே இல்லை. வெப்சைட்டுக்காக அக்கா அனுப்பிய போட்டோவில் ஓரமாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ரீட்டா அக்காவின் போன் வந்தது. பக்கத்து அறையில் இருந்த எனக்கே தெளிவாகக் கேட்டது.

"டே, யாருடா நீ? என்னத்தடா எழுதி வெச்ச? என் மொளகா மேல ஹெல்மெட் போட்டுக்கினு பத்துப் பதினஞ்சு பேரு நிக்கிறானுங்க! 'அக்கா, வியூ பாயிண்ட் எல்லிதே'ன்னு கன்னடத்துல என்னையே கேக்குறானுங்க! மேகம் எங்கன்னு கேக்குறானுங்க! மேகத்த நான் எங்க போயி புடுச்சாரது?"

"மொதப் பக்கத்துல வந்துட்டோம்க்கா!" என்றார் இவர் சந்தோஷமாக. அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்பதை வார இதழில் எழுத முடியாது.

வந்தவர்கள் சும்மா போகவில்லை. ஏமாந்த கோபத்தில் மெஸ்ஸின் பெயரில் ரிவ்யூ எழுதிவிட்டுப் போனார்கள். 'மேகம் இல்லை, மிளகாய்தான் இருக்கிறது. ஒரு ஸ்டார்.' 'எமிலியைக் கண்டால் சொல்லுங்கள்.' இப்போது ரீட்டா மெஸ் முதல் பக்கத்தில் இருந்தது, ஒற்றை நட்சத்திரத்தோடு. சும்மா காலியாகக் கிடந்த கடைக்கு ஃபிராடுக் கடை என்ற பெயரும் சேர்ந்துவிட்டது.

ரீட்டா அக்கா மறுபடியும் படியேறி வந்தார். இந்த முறை கத்தவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

"வாரந்தவறாம பூசைக்குப் போறவ நான். என் வாயில ஒரு பொய் வந்ததில்ல. என் பேர்ல இப்படிப் பண்ணிட்டியே. அத அழிச்சிடுப்பா."

"அழிக்கலாம்க்கா. ஆனா நான் நாப்பது எடத்துல போட்டேன். அதப் பாத்து எவனெவனோ காப்பி அடிச்சி நானூறு எடத்துல போட்டுட்டானுங்க. என்னோடத அழிச்சா அவனுங்க போட்டது நிக்கும்."

இது எங்கள் தொழிலின் சாபம். பரப்பத் தெரியும், திரும்பப் பொறுக்கி எடுக்கத் தெரியாது. எங்கள் முதலாளி உள்ளே கூப்பிட்டு, "அந்தம்மா போன எடுக்காத, வேற கிளையன்ட்டப் பாரு" என்றார். மொதப்பக்கம் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். தன் கட்டுரையைத் தானே திரையில் திறந்து வைத்துக்கொண்டு, யாரோ எழுதியது போல ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"கட்டுரைய மாத்த முடியாது குரு" என்றார் கடைசியில். "ஊர மாத்திடலாம்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அந்த வாரமே லீவு போட்டுவிட்டுப் பேரிகைக்குப் போய்விட்டார். கட்டுரையில் அம்புக்குறி என்று இருந்ததால் பெயிண்ட் வாங்கிப் பாறைக்கு வழி நெடுக அம்புக்குறி போட்டார். கல் இருக்கை என்று இருந்ததால் ஒரு கிரானைட் யார்டில் கெஞ்சி, ஏற்றுமதியில் கழித்துப் போட்ட பலகை ஒன்றை மினி லாரியில் ஏற்றி வந்தார். இறக்கிப் பார்த்தால் அது யாரோ ஒரு வெள்ளைக்காரருக்குச் செய்த கல்லறைக் கல். பெயரும் சிலுவையும் அழகாகச் செதுக்கியிருந்தது.

"அக்கா, இவரு அந்தக் காலத்துல இந்தப் பாறையக் கண்டுபுடிச்ச தொரைன்னு ஒரு சின்னக் கட்டுரை..."

"எழுதுன, கைய ஒடிச்சிடுவேன்" என்றார் அக்கா. கல்லைக் கவிழ்த்துப் போட்டார்கள்.

எல்லாம் சரியாயிற்று, மேகம் மட்டும்தான் பாக்கி. பெயிண்ட் வாங்கலாம், கல் வாங்கலாம், மேகத்தை எந்த யார்டில் கேட்பது? மொதப்பக்கம் விடவில்லை. விடிவதற்குள் ஓசூரிலிருந்து தன் ஓட்டை ஸ்கூட்டரில் கிளம்பிப் போய்ப் பாறை மேல் உட்கார்ந்திருப்பார். வெயில் ஏறியதும் திரும்பி வந்து, கனடாக்காரர்களுக்குக் கூரை பற்றி எழுதுவார். ஐப்பசி போயிற்று. கார்த்திகையும் முடியும் நாள் வந்தது. கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. ரீட்டா அக்கா கம்பெனியில் வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். பாவமாக இருந்தது. யாருக்காக அதிகப் பாவம் என்று எனக்கே தெரியவில்லை.

குளிர் இறங்கிய ஒரு விடியலில் என் போன் அலறியது.

"குரு! மேகம் குரு! ஏரியிலேருந்து எழும்பி வருது குரு! பாறையச் சுத்தி வெள்ள வெளேர்னு நிக்குது! என் காலே எனக்குத் தெரியல! நான் எழுதுனது நெசம் குரு! எத்தன வருசமா எழுதுறேன், ஒரு வரியாவது நெசமாயிடுச்சு குரு!"

அது மேகம் இல்லை, பனிமூட்டம் என்று சொல்ல வாயெடுத்தேன். போனில் அவர் அழுகிற சத்தம் கேட்டது. சொல்லவில்லை.

அன்று அவர் ஒவ்வொரு ஒற்றை நட்சத்திரத்துக்கும் கீழே பதில் எழுதினார். எமிலி இல்லை, ஜார்ஜ் இல்லை. 'பொய் எழுதியது நான், மெஸ்காரம்மா இல்லை. குளிர்காலத்தில் விடிவதற்கு முன் வாருங்கள். நானே பாறைக்குக் கூட்டிப் போகிறேன்.' பொய் எழுதியவன் எப்படி இருப்பான் என்று பார்க்கவே முதலில் நாலு பேர் வந்தார்கள். பனியைப் பார்த்தார்கள், களியைத் தின்றார்கள், ஆளுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். கிறிஸ்துமஸ் அன்று மெஸ்ஸில் உட்கார இடமில்லாமல், எங்களுக்கு அடுப்படியில் இலை போட்டார் ரீட்டா அக்கா. கம்பெனிக்கு அவர் போகவில்லை.

போனது மொதப்பக்கம்தான். எங்கள் முதலாளி, தானே கட்டுரை எழுதுகிற கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்றை வாங்கிவிட்டார். இவர் நாள் பூராவும் எழுதுவதை அது ஒரு டீ குடிக்கிற நேரத்தில் எழுதியது. "நல்லாத்தான் எழுதுது குரு" என்றார் கிளம்பும்போது. "ஆனா எழுதுனத போயிப் பாக்குறதில்ல." போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு கம்பெனி ஸ்டோரில் இப்போது வேலை. ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்டு.

போன மார்கழியில் ஒரு ஞாயிறு, களி சாப்பிடுவதற்காகப் பேரிகைக்குப் போயிருந்தேன். அன்று பனியே இறங்கவில்லை. வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. பாறையும், ஏரியும், ஏமாந்து நின்ற பைக்குக்காரர்களும் பளிச்சென்று தெரிந்தார்கள். இப்படியும் சில நாள் உண்டு, அடுத்த வாரம் வாங்க என்று அக்கா அவர்களிடம் ஒளிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது அவர் போன் அடித்தது. எதிரே பேசுவது யார் என்று சொல்லத் தேவையில்லை. வாரா வாரம் இதே நேரத்தில் வருமாம்.

"அக்கா, மேகம் வந்துச்சா?"

வாயில் ஒரு பொய் வராத ரீட்டா அக்கா, அந்தத் துடைத்த வானத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"வந்துச்சுடா. எப்பவும் இல்லாத மாதிரி வந்திருக்குது. சனம் ரொம்பிக் கெடக்குது. நீ சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டு, "இந்தா, உன் கூட்டாளிகிட்டயே கேளு" என்று போனை என்னிடம் நீட்டினார்.

நான் வாங்கினேன்.

"ஆமா குரு" என்றேன். "என் காலே எனக்குத் தெரியல."