சாமை மிஷினும் லிசனிங் டெஸ்ட்டும்

ஜவ்வாது மலையிலயே இங்கிலீஷ கத்தி மட்டும் பேசத் தெரிஞ்ச ஒரே ஆளு எங்க 'மிஷினு' அண்ணன்தான். மெதுவா பேசச் சொல்லுங்க, ஒரு வார்த்த வராது. அவங்க அப்பாவோட சாமை அரவை மிஷின ஓட்றதால அந்தப் பேரு. நெஜப் பேரு ஆதார் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாதவங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர்ற எம்.ஏ. ஒண்ணு கீது. அந்த எண்ட்ரன்ஸுக்கு நானும் அவரும் சேந்து படிச்சோம். நான் புதுசு. அவரு ஏற்கெனவே ரெண்டு வாட்டி எழுதி, ரெண்டு வாட்டியும் லிசனிங்ல அவுட்டு. அவங்க அப்பா தீர்ப்பு சொல்லிட்டாரு: "மூணாவது வாட்டியும் ஊத்திக்கிச்சின்னா புக்க எடைக்குப் போட்டுட்டு மிஷின் பெல்ட்ட மாட்டு."

மிஷினாண்ட வர்றவங்க மூட்டைய வுட்டு நகர மாட்டாங்க. தன் சாமை அடுத்தவங்க சாமையோட கலந்துடும்னு பயம். அண்ணனுக்கு அது போதாதா? ஓட முடியாத ஆடியன்ஸ்! ஃபோன மிஷின் மேலயே கட்டித் தொங்கவுட்டு லிசனிங் டெஸ்ட் ஆடியோ போடுவாரு. முடிஞ்சதும், தடதட சத்தத்துக்கு மேல கத்துவாரு.

"வாட் இஸ் த மெயின் ஐடியா ஆஃப் த பேசேஜ், மல்லிகாக்கா?"

"அரிசிய வாங்கிக்கினு வூட்டுக்குப் போறதுதான் என் மெயின் ஐடியா. அரைப்பா சீக்கிரம்!"

இந்த அலப்பறையிலயும் அந்த டெஸ்ட்ல இருபதுக்கு பதினெட்டு வாங்குவாரு. சத்தியமா. எனக்கு அங்க நின்னா என் பேரே காதுல வுழாது.

அப்றம் ஏன் ஃபெயிலு? கண்டுபிடிச்சது நான்தான், பெருமையா சொல்லிக்கறேன். ஒருநாள் எங்க வூட்டுக்கு இட்டுக்கினு வந்து, கதவ சாத்தி, ஃபேன நிறுத்தி, நாய தொரத்திட்டு டெஸ்ட் வெச்சேன். இருபதுக்கு நாலு.

"இன்னாணா இது?"

"ரொம்ப அமைதியா கீதுடா, பயமா கீது. சாவு வூட்லகூட மேளம் அடிப்பாங்க!"

எக்ஸாமுக்கு பத்து நாள்தான் இருந்துச்சி. அமைதி பழக்கலாம்னு தெனம் ஆளில்லாத பாறைக்கு இட்டுக்கினு போனேன். மனுசன் அஞ்சு நிமிசத்துல கொறட்ட. அந்தச் சத்தத்துல எனக்கும் படிப்பு போச்சி.

எக்ஸாம் அன்னிக்கு வேலூர்ல கரண்ட் கட். ஹாலுக்குப் பின்னாடி ஜெனரேட்டரு டபடபன்னு ஓடுது. லிசனிங் டெஸ்ட்டுக்குன்னு ஹால் முன்பக்க சுவத்துல ஒரே ஒரு ஸ்பீக்கரு. "எங்க வேணா உக்காருங்கப்பா"ன்னு சூப்பர்வைசர் சொன்னதும் மொத்தக் கூட்டமும் ஸ்பீக்கராண்ட அடிச்சி புடிச்சி ஓடுச்சி. நான் ஒரு பொண்ணோட பேக்க எகிறி குதிச்சி ஃபர்ஸ்ட் ரோ புடிச்சேன். திரும்பிப் பாத்தா அண்ணன் கடைசி ரோ, ஜெனரேட்டர் ஜன்னலு.

"தம்பி, அங்க ஒண்ணும் கேக்காது. முன்னாடி வாங்க."

"ஐ ஆம் வெரி கம்ஃபர்டபிள், சார்!"

அவரு கத்துன கத்துல ஜெனரேட்டரே ஒரு செகண்ட் நின்ன மாதிரி இருந்துச்சி. ஹாலே சிரிச்சது. நானும்தான் சிரிச்சேன்.

ரிசல்ட்டு வந்துச்சி. அண்ணனுக்கு சீட்டு. எனக்கு டாட்டா.

இப்ப அவரு யுனிவர்சிட்டி ஹாஸ்டல்ல. அவரு வர்ற வரைக்கும் மிஷின ஓட்றது யாருன்னு நெனைக்கிறீங்க? ஆமா, நான்தான். அடுத்த எண்ட்ரன்ஸுக்கும் அங்கியே படிக்கிறேன். போன வாரம் ஃபோன் பண்ணாரு.

"டேய், இங்க லைப்ரரின்னு ஒண்ணு கீதுடா. உள்ள போனா மூச்சே முட்டுது. மிஷின் சத்தத்த ரெக்கார்டு பண்ணி அனுப்புடா, புண்ணியமா போவும்."

அஞ்சு நிமிசம் ரெக்கார்டு பண்ணேன். நடுவுல மல்லிகாக்கா மூட்டையாண்ட நின்னுக்கினு, "அவன் வேளைக்கு சாப்புட்றானான்னு கேளுப்பா"ன்னு கத்துனதும் அதுல வுழுந்துட்ச்சி.

கட் பண்ணலாம்னு பாத்தேன். மனசு வரல. அப்டியே அனுப்பிட்டேன்.