டார்ச் அண்ணாச்சியும் மலையாள அச்சனும்

உலகத்தில் டார்ச் அண்ணாச்சி சந்தேகப்படாத பொருள் ஒன்றே ஒன்றுதான். அது அவருடைய டார்ச். அதையும் காலையில் இரண்டு தட்டு தட்டிப் பார்த்த பிறகுதான் நம்புவார்.

மலையாள நாட்டு மலையில், சித்திரபுரத்துக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஃபேக்டரி ஆபீசில் நான் ஆறு வருடம் கிளார்க்காக இருந்தேன். அண்ணாச்சி ஃபேக்டரி கேட்டில் வாட்ச்மேன். வெளியே போகிற எந்தப் பையும் அவர் மேசைமேல் வாயைத் திறந்து காட்டாமல் போக முடியாது. உச்சி வெயிலில் டிபன் பாக்ஸைத் திறக்கச் சொல்லி உள்ளே டார்ச் அடிப்பார்.

"அண்ணாச்சி, சூரியன் தலைக்கு மேல நிக்குது" என்று ஒருமுறை சொன்னேன்.

"சூரியன் மேலாப்ல பாக்கும் தம்பி. நான் அடியில பாக்குதேன்" என்றார்.

புதிதாக வந்த, தேயிலை உலர்த்தும் ட்ரையர் மெஷினை ஜெபம் சொல்லி மந்திரிக்க ஒருநாள் ஆயர், எங்கள் பிஷப், வந்தார். ஆயருடைய செங்கோல் மூன்று துண்டாகக் கழன்று ஒரு நீளப் பெட்டிக்குள் போய்விடும் என்பது அன்றுவரை எங்களில் யாருக்கும் தெரியாது. அண்ணாச்சி புண்ணியத்தில் தெரிந்துகொண்டோம். ஆயர் கிளம்பும்போது அண்ணாச்சி பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு துண்டாக எடுத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குழாய்க்குள் டார்ச் அடித்தார். மானேஜருக்கு வேர்த்துக் கொட்டியது. ஆயர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே நின்றார். எல்லாவற்றையும் பழையபடி அடுக்கி மூடிவிட்டு, அண்ணாச்சி முழந்தாளிட்டு ஆயரின் மோதிரத்தை முத்தமிட்டார். கார் போனதும் எங்கள் பக்கம் திரும்பி, "ரொம்பச் சிரிச்சாரு, பாத்தியளா?" என்றார்.

ஆயருக்கு அடுத்தபடியாக அவர் அதிகம் சந்தேகப்பட்டது என்னைத்தான். இதில் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. டேஸ்டிங் ரூமிலிருந்து மாதத்துக்கு ஒரு பொட்டலம் நல்ல தேயிலைத்தூள் என்னோடு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. எதில் வைத்துக் கொண்டுபோவேன் என்பதை இங்கே சொல்வதாக இல்லை. அண்ணாச்சி அதை ஒருநாளும் கண்டுபிடித்ததில்லை. ஒருநாளும் என்னை நம்பியதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமையும் அவருக்கு டூட்டிதான். கோயில் வாசலில் டார்ச்சோடு நிற்பார். பூசையில் எல்லாரும் நற்கருணை அப்பம் வாங்க எழுந்து போகும் நேரத்தில் அவர் மட்டும் அசைய மாட்டார். கேட்டால், "செருப்ப யாரு பாக்குதது?" என்பார். கர்த்தருடைய வீட்டில் வந்து செருப்புத் திருடுகிறவன் எவன் என்று நினைத்துக்கொள்வேன். பிறகு, அண்ணாச்சிக்கு யாரையாவது தெரிந்திருக்கும் என்று என் செருப்பைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளி வைப்பேன். அவரோடு பழகினால் அப்படித்தான் ஆகும்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் அவருக்கு இன்னொரு வேலை சேரும். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தன வரிசையை ஒழுங்குபடுத்துவது. எங்கள் கோயிலின் பங்குச்சாமி மதுரைப் பக்கத்துக்காரர். காது கூர்மை, ஞாபகம் அதைவிடக் கூர்மை. "எத்தனை தடவை? போன வருசமும் இதையேதானே சொன்ன?" என்று கேட்பார். கூட்டம் அதிகம் என்பதால் வருடாவருடம் உதவிக்கு ஒரு மலையாள அச்சனும் வருவார். மலையாளத்திலேயே பூசை வைப்பார், மலையாளத்திலேயே பிரசங்கம் செய்வார். நாம் நம் பாவங்களைத் தமிழில் கொட்டிக்கொண்டிருக்கும்போது கண்ணை மூடி, "ம்ம், ம்ம்" என்பார். கடைசியில் எல்லாருக்கும் ஒரே அபராதம். "ஒரு சொர்க்கஸ்தனாய பிதாவே, மூணு நன்ம நிறஞ்ஞ மறியமே. சமாதானமாயிட்டு போய்க்கோ." ஒரு பரலோக மந்திரம், மூன்று அருள் நிறைந்த மரியே ஜெபம், அவ்வளவுதான்.

அச்சனுக்குத் தமிழ் தெரியாது என்பது தோட்டம் முழுக்கத் தெரிந்த விஷயம். யார் சொன்னது என்று மட்டும் யாருக்கும் தெரியாது. பங்குச்சாமி முன்னால் காது கேளாத இரண்டு பாட்டிகள் நிற்பார்கள். அச்சனுடைய வரிசை கோயில் வாசலைத் தாண்டி, படியிறங்கி, பஸ் நிறுத்தம் வரை போகும். நான் எந்த வரிசையில் நின்றேன் என்று கேட்காதீர்கள்.

என்னுடைய ஆறாவது வருடம் அண்ணாச்சி அந்த வரிசைமேல் சந்தேகப்பட ஆரம்பித்தார். முடித்துவிட்டு வருகிறவர்களை ஒவ்வொருவராக மடக்கினார்.

"உள்ள என்ன சொன்ன?"

"அதை எப்படி அண்ணாச்சி வெளிய சொல்லுறது?"

"பாவத்தைச் சொல்ல வேண்டாம். அச்சனுக்குப் புரிஞ்சுதா, அதைச் சொல்லு."

எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். அவருக்கு அது போதுமாக இருந்தது. நேராகப் பங்குச்சாமியிடம் போய், இந்தத் தோட்டத்தில் இத்தனை வருடமாகக் கொடுத்த பாவமன்னிப்பு எதுவும் செல்லாது, எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டு முதலிலிருந்து சொல்ல வைக்க வேண்டும் என்றார். பக்கத்தில் நின்ற நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு வருடப் பொட்டலங்களைத் தமிழ் தெரிந்தவரிடம் சொல்வதா?

பங்குச்சாமி பொறுமையாகச் சொன்னார். "மன்னிக்கிறது கடவுள். அவருக்கு எல்லாப் பாஷையும் தெரியும். நீங்க செஞ்சதுக்கு மனசு வருந்தி மனஸ்தாபப்பட்டீங்களா, அதுதான் கேள்வி."

"சரி சாமி. அந்த மனஸ்தாபத்தை எப்படிச் செக் பண்ணுறது?"

சாமி ஜெபப் புத்தகத்தைத் திறந்துகொண்டார்.

இந்த ஆளுக்கு ஊரார் பாவத்தில் என்ன அக்கறை? தோட்டத்தில் யார் என்ன செய்தார்கள் என்று ஒரு பட்டியல் தயாரிக்கிறார் என்றே நான் நினைத்தேன். மறுநாள் மத்தியானம் கேட் ஷெட்டுக்குப் போய் நேராகவே கேட்டுவிட்டேன். "அச்சனுக்குப் புரிஞ்சா என்ன, புரியாட்டி என்ன? உங்களுக்கு ஏன் அண்ணாச்சி இந்த வேலை?"

பிளாஸ்கை மூடி வைத்துவிட்டு, டார்ச்சை மடியில் போட்டுக்கொண்டு பேசினார். அவர் யாரையும் விசாரிக்காமல் பேசியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நீங்க வேலைக்கு வர்றதுக்கு ரெண்டு வருசம் முந்தி தம்பி. பாக்கியம்னு ஒருத்தி, கொழுந்து எடுக்கிறவ. ஃபேக்டரிக்கு வந்துட்டுப் போகும்போது அவ பையில தேயிலைத்தூள் இருந்துச்சு. கையும் களவுமாப் புடிச்சிட்டேன்னு ஆபீசுக்கு இழுத்துட்டுப் போனேன். நூறு பேரு பாத்தாங்க. திருடின்னேன். தம்பி, அது மாசாமாசம் தோட்டத்துல எல்லாருக்கும் குடுக்கிற தூளு. தூளு வாங்கின சீட்டு அவ மடியிலயே இருந்திருக்கு. நான் கேக்கல."

"அவங்க எடுத்துக் காட்டியிருக்கலாமே?"

"திருடின்னு கூப்பிட்ட பெறகு என்னத்தைக் காட்டுவா? மறுநா வெவரம் தெரிஞ்சு மானேஜரு கூப்பிட்டு விட்டாரு. தொழிலாளிக லயத்துல அவ வீடு பூட்டிக் கெடந்துச்சு. புள்ளைகளக் கூட்டிட்டு மலைக்குக் கீழ போடிக்குப் போயிட்டா."

போடிக்கு அவரும் போயிருக்கிறார். ஏலக்காய் ஸ்டோர் ஒன்றில் தரம் பிரித்துக்கொண்டிருந்தவளைத் தேடிப் பிடித்துத் தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்கிறார்.

"ஒரு டீ வாங்கிக் குடுத்தா. ஒரு வார்த்தை பேசல. டீ குடுத்தா மன்னிச்சிட்டதா அர்த்தமா தம்பி? நீங்க படிச்சவுக, சொல்லுங்க."

நான் அவருடைய பிளாஸ்கைப் பார்த்தேன்.

"அதுக்குப் பெறகு வருசாவருசம் அச்சன்ட்ட இதைத்தான் சொல்லுதேன். ஏழு வருசம். ஏழு வருசமும் மூணு அருள் நிறைந்த. ஒருத்திய ஊரை விட்டே வெரட்டுனதுக்கு மூணு அருள் நிறைந்தவா? அச்சனுக்குப் புரியல தம்பி. புரிஞ்சா இப்படி லேசா விடுவாரா? மன்னிப்பே கெடைக்காதவன் எப்படி நற்கருணை வாங்குதது?"

செருப்புக் காவலின் ரகசியம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. "பேசாம நம்ம பங்குச்சாமிட்டயே சொல்லிட வேண்டியதுதானே" என்றேன்.

"அவருக்குப் புரியுமே. புரிஞ்ச பெறகு, இதுக்கு மன்னிப்பு இல்லன்னுட்டா நான் எங்க போவேன்?"

இவ்வளவையும் சொன்னவர், அந்த மூச்சிலேயே தன் திட்டத்தையும் சொன்னார். மானேஜரைக் கொன்று ட்ரையருக்குள் போட்டுவிட்டேன் என்று அச்சனிடம் தமிழில் சொல்லப் போகிறாராம். அதற்கும் அதே மூன்று அருள் நிறைந்த வந்தால் அச்சனுக்குத் தமிழ் தெரியாது என்பது ருசுவாகிவிடும். பாவசங்கீர்த்தனத்தில் பொய் சொல்வது பெரிய பாவம் என்று எச்சரித்தேன். "அதையும் சேத்தே சொல்லிருதேன்" என்றார்.

பெரிய வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை. வரிசை வழக்கம்போலப் பஸ் நிறுத்தம் வரை நின்றது. நான் நான்காவது ஆளாக உள்ளே நின்றேன். அண்ணாச்சி டார்ச்சை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய், அச்சன் உட்கார்ந்திருந்த திரைச்சீலைக் கூண்டில் முழந்தாளிட்டார். இரண்டு நிமிடம் போனது. ஐந்து நிமிடம் போனது. உள்ளே யாரோ சிரிப்பை அடக்கி இருமுவது கேட்டது. கால் மணி நேரம் கழித்து அண்ணாச்சி எழுந்து வந்தார். முகம் முழுக்க நனைந்திருந்தது. வரிசையைப் பார்த்து, கோயில் என்றும் பாராமல் உரக்கச் சொன்னார்.

"அச்சனுக்குத் தமிழ் தெரியும்."

யாரும் நம்பவில்லை. இது அண்ணாச்சியின் இன்னொரு சோதனை என்றுதான் நினைத்தார்கள். அப்போது திரைச்சீலை விலகியது. அச்சன் தலையை நீட்டி, சுத்தமான கொங்குத் தமிழில் கேட்டார்.

"ஏனுங்க, அடுத்தவங்க வர்றீங்களா?"

அந்த வரிசை கலைந்த வேகத்தை நான் தோட்டத்தில் சம்பள நாளில்கூடப் பார்த்ததில்லை. வாசலில் செருப்புகள் ஜோடி மாறின. பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களுக்குக் காரணம் தெரியாது, ஆனாலும் ஓடினார்கள். நான் டார்ச்சைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றேன். அச்சன் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆறு வருடமும் என்னைப் பார்த்து அப்படித்தான் சிரித்திருக்கிறார். இப்போது அதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

உள்ளே நடந்ததை அண்ணாச்சியே பிறகு சொன்னார். மானேஜர் கொலையைக் கேட்டதும் அச்சன், "அவரு இப்பத்தானுங்க கார்ல எதுக்க வந்தாரு, நல்லாத்தான் இருக்காரு" என்றிருக்கிறார். அண்ணாச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது.

"அச்சா, உங்களுக்குத் தமிழ் தெரியுமா?"

"எங்க ஊடு கொங்கு எல்லையில கொழிஞ்சாம்பாறைங்க. பள்ளிக்கூடமே தமிழ்லதானுங்க படிச்சேன்."

"ஏன் அச்சா சொல்லல?"

"ஆருமே கேக்கலீங்களே."

"அப்ப இத்தன வருசமா நான் சொன்னது?"

"கேட்டனுங்க."

"எல்லாமா?"

"எல்லாமுங்க. மொத வருசமே மன்னிச்சாச்சுங்க. அப்பறம் வந்ததெல்லாம் நீங்களா வந்ததுங்க."

அண்ணாச்சி அதையும் அவ்வளவு லேசில் நம்பிவிடவில்லை. அவரை நம்பவைத்தது அன்றைய அபராதம். பொய் சொல்லிச் சோதித்ததற்கு முழு ஜெபமாலை, அதுவும் முழந்தாளில். "ஐம்பத்து மூணு அருள் நிறைந்த தம்பி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "ஆளு எடை போட்டுப் பாத்துத்தான் குடுக்குதாரு. அப்ப அந்த மூணும் நெசந்தான்." தோட்டம் முழுக்கத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த அந்தச் சாயங்காலம், சந்தோஷமாக இருந்தவர் அவர் ஒருவர்தான்.

பாஸ்கா ஞாயிறன்று, ஈஸ்டர் பூசையில், நற்கருணை நேரம் வந்தது. அண்ணாச்சி வாசலை விட்டு நகர்ந்தார். ஏழு வருடம் நின்ற இடத்திலிருந்து பீடம் வரை தலையைக் குனிந்தபடியே நடந்தார். செருப்புகளை யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், அவர் திரும்பி வரும்வரை வாசலில் நின்று பார்த்தேன்.

அடுத்த வேலை நாளில் வேலை முடிந்து கேட்டுக்கு வந்தேன். அண்ணாச்சி என் பையைப் பார்க்கவே இல்லை. "போங்க தம்பி" என்று கையை ஆட்டினார். நான்கு எட்டு நடந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. திரும்பி வந்து, அந்த மாதத்துப் பொட்டலத்தை வைத்திருந்த இடத்திலிருந்து எடுத்து அவர் மேசைமேல் வைத்தேன். நான் அதை எடுத்த இடத்தை அவர் டார்ச் அடித்து நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

"இதுதான் கடைசியா?" என்றார்.

"கடைசி அண்ணாச்சி."

என்னை மேலும் கீழும் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு பிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றி என் பக்கம் தள்ளினார்.

"இதுக்கு என்ன அண்ணாச்சி அர்த்தம்?"

"குடிங்க, ஆறிரும்" என்றார்.

இப்போது நான் சமவெளியில், பெரிய ஆபீஸ் ஒன்றில் இருக்கிறேன். வாசலில் நிற்கும் காவலாளி மரியாதையானவர், என் பையை ஒருநாளும் திறக்கச் சொன்னதில்லை. சில சாயங்காலங்களில் நானே அதைத் திறந்து பிடித்தபடி அவர் முன்னால் கொஞ்சம் நின்று பார்க்கிறேன்.