மிசஸ் பார்க்கரை நான் ஹோம்லி என்றேன்

ஓர் ஆங்கில வார்த்தையை எந்த ஊரில் கற்றுக்கொண்டோமோ அந்த ஊர் எல்லைக்குள்ளேயே அதைப் பேசித் தீர்த்துவிடுவது நல்லது. எல்லை தாண்டினால் அது என்ன வேஷம் போடும் என்று யாருக்கும் தெரியாது. நான் ஒரு வார்த்தையைச் செங்கல்பட்டிலிருந்து மகாபலிபுரத்துக் கடற்கரை வரைக்கும்தான் கொண்டுபோனேன். அதற்கே அன்று எனக்கு மானம் போயிற்று, வேலை போகப் பார்த்தது, ஒரு நல்ல அடுப்புக்கும் கெட்ட பெயர் வந்தது.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்குப் பத்தொன்பது வயது. என்னைப் பெற்ற அத்தாவுக்குச் செங்கல்பட்டு பஜாரில் பாத்திரக்கடை. பள்ளிப் படிப்பு முடிந்தபோது, எங்கள் பள்ளியின் தலைமை ஆசிரியை (அசல் இங்கிலாந்துக்காரி) தன் கைப்படவே எனக்கு நன்னடத்தைச் சான்றிதழ் எழுதித் தந்தார். 'ரஷீதா கீழ்ப்படிதல் உள்ளவள், ஹோம்லியான பெண்' என்று இருந்தது. அதென்ன ஹோம்லி என்று அத்தா கேட்டார். 'ஹோம்' என்றால் வீடு. ஆகவே 'குடும்பப் பாங்கான பெண்' என்று பொருள் சொன்னேன். அத்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று முதல் கடைக்குக் குடம் வாங்க வந்தவர்கள், குடத்தில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் என் சான்றிதழைப் பார்த்தாக வேண்டும்.

ஆக, ஆங்கிலத்தில் ஒரு பெண்ணை அதற்குமேல் புகழ முடியாது என்ற முடிவுக்கு நான் வந்திருந்தேன்.

அந்தச் சமயத்தில், கிராம வளர்ச்சி வேலைகளைக் கவனிக்கும் பிளாக் ஆபீசில் ஆங்கிலம் தெரிந்த பெண் ஒருத்தி தேவைப்பட்டாள். அமெரிக்காவிலிருந்து மிசஸ் பார்க்கர் என்ற அம்மாள், கடலோரக் குப்பங்களில் புகையில்லா அடுப்பு கட்டக் கற்றுக்கொடுக்க வந்திருந்தார். அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல வேண்டும். மூன்று மாதத் தற்காலிக வேலை. நல்ல பெயர் எடுத்தால் நிரந்தரம்.

"வயசுப் பொண்ணு ஜீப்புல சுத்துறதா?" என்று அத்தாவின் தம்பி, என் சாச்சா, குதித்தார்.

"எங்க சுத்தினாலும் வூட்டு நெனப்பாவே இருக்குற பொண்ணுன்னு வெள்ளக்காரம்மா எழுதியே குடுத்துகீது. நீ சும்மா இரு" என்றார் அத்தா. அவ்வளவுதான், நான் ஜீப்பில் ஏறிவிட்டேன்.

மிசஸ் பார்க்கருக்கு நாற்பது வயதிருக்கும். பனைமரம்போல் நெட்டை உடம்பு, பெரிய மூக்கு, முகமெல்லாம் பழுப்புப் புள்ளிகள். களிமண்ணில் முழங்கைவரை கையை விட்டுப் பிசைவார். மகாபலிபுரத்தை அடுத்த ஒரு குப்பத்தில், அஞ்சலை என்ற மீன்காரம்மாள் வீட்டில் முதல் அடுப்பைக் கட்டினோம். அஞ்சலை ஒப்புக்கொண்டாள் என்றா நினைக்கிறீர்கள்? சவால் விட்டாள்.

"இந்தாம்மா பாப்பா, தொரசானிகிட்ட சொல்லிடு. அடுப்பு பொகைஞ்சுதுன்னு வெச்சுக்கோ, நானே கடப்பாறையால இடிச்சுப்புடுவேன். எங்கூட்டுல பொகைஞ்சா இந்தக் குப்பத்துல ஒருத்தியும் கட்ட மாட்டா, ஆமா."

அடுப்பு காய்ந்ததும் திறப்பு விழா. கட்டுமரங்களுக்குப் பக்கத்தில் ஓலைப்பந்தல். எங்கள் ஆபீஸ் தலைவர் பி.டி.ஓ. வந்திருந்தார், மதராசிலிருந்து பெரிய அதிகாரி ஒருவரும் வந்திருந்தார். வரவேற்புரை நான், அதுவும் ஆங்கிலத்தில். ஒரு வாரம் மனப்பாடம் செய்திருந்தேன். (பாத்திரக்கடை அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசிப் பழகினேன். குரல் கணீரென்று கேட்கும்.)

"நம் விருந்தினர் மிசஸ் பார்க்கர் மிகவும் ஹோம்லியான பெண்மணி" என்று ஆரம்பித்தேன்.

மதராஸ் அதிகாரி சட்டென்று நிமிர்ந்தார். என் ஆங்கிலத்தில் சொக்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

"அவர் ஜீப்பிலிருந்து இறங்கும்போதே, இவர் ஹோம்லி என்பது பார்த்தவர்களுக்கெல்லாம் தெரிந்துவிடும்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

"அமெரிக்காவில் எல்லாப் பெண்களும் இப்படி இருப்பதில்லை என்று கேள்விப்படுகிறேன். இந்த விஷயத்தில் இவரை மிஞ்ச ஆளில்லை. இவருடைய அடுப்பில் சமைத்தால் இந்தக் குப்பத்துப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே வருஷத்தில் இவரைப் போலவே ஹோம்லியாகிவிடுவார்கள்!"

சொல்லிவிட்டு நானே கைதட்டினேன். நான் தட்டியதைப் பார்த்துக் குப்பமே தட்டியது. மிசஸ் பார்க்கர் தன் ஓலைத் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டார். வெயில் அதிகம்போல என்று நினைத்தேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

அடுத்தது அடுப்புப் பற்றவைத்தல். அஞ்சலையின் சமையல் மூலையில் இரண்டு பேருக்குமேல் குனிய முடியாது. நானும் மிசஸ் பார்க்கரும் உள்ளே போனோம். மற்றவர்கள் வாசலில் நின்றார்கள். சவுக்கு விறகு பற்றிக்கொண்டது. புகை ஒழுங்காகக் குழாய் வழியே கூரைக்கு மேலே போயிற்று. மிசஸ் பார்க்கர் என்னைப் பார்க்காமல், நெருப்பைப் பார்த்தபடியே மெல்லக் கேட்டார்.

"ரஷீதா, உன் மனம் நோகும்படி நான் ஏதாவது செய்துவிட்டேனா?"

"இல்லையே மேடம்!"

"பிறகு ஏன் என் முகத்தைப் பற்றி அத்தனை பேருக்கு முன்னால் அப்படிப் பேசினாய்? ஹோம்லி என்றால் எங்கள் நாட்டில் அவலட்சணமானவள் என்று பொருள். பள்ளிக்கூடத்தில் என்னை அப்படித்தான் சொல்வார்கள். கப்பலேறி இவ்வளவு தூரம் வந்தும் அந்தச் சொல் என்னை விடவில்லை."

பேசிய ஒவ்வொரு வாக்கியமும் திரும்ப வந்து காதில் அறைந்தது. ஜீப்பிலிருந்து இறங்கும்போதே தெரிந்துவிடும்! மிஞ்ச ஆளில்லை! குப்பத்துப் பெண்கள் அத்தனை பேரும்! தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தேன். 'ஹோம்' என்றால் வீடு, அதனால் குடும்பப் பாங்கு, எனக்குத் தெரிந்த மிகப் பெரிய புகழ்ச்சி அதுதான், என் தலைமை ஆசிரியையே என்னைப் பற்றி...

அங்கே வந்ததும் எனக்கு வேறொன்று உறைத்தது.

"மேடம், அப்படியானால் அவர் என்னையும் அவலட்சணம் என்றா எழுதினார்? எங்கள் அத்தா அதைப் பஜார் முழுவதும் காட்டிக்கொண்டிருக்கிறாரே!"

மிசஸ் பார்க்கர் என்னை ஒரு கணம் வெறித்துப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! சிரிப்பிலேயே கண்ணீர் வந்தது. மூச்சு வாங்க வாங்க அவர் எனக்குச் சொன்னது இதுதான்: அந்த வார்த்தை பிறந்தபோது நான் சொன்னதுபோல வீட்டைச் சேர்ந்ததாகத்தான் இருந்தது. வீட்டுப் பொருள் எளிமையானது என்பதால் பிறகு 'எளிமை' ஆயிற்று. எளிமையில் பகட்டு இல்லை என்பதால் 'சாதாரணம்' ஆயிற்று. அமெரிக்காவில் அந்தச் சாதாரணம் முகத்தில் ஏறி 'அழகில்லாதது' ஆகிவிட்டது. இங்கிலாந்தில் மட்டும் அது இன்னும் வீட்டுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது.

"உன் ஆசிரியை இங்கிலாந்துக்காரி. நீ பிழைத்தாய்" என்று என் தோளைத் தட்டினார். எனக்கு அழுகை போய்ச் சிரிப்பு வந்தது, ஆனால் கண்ணீர் நிற்கவில்லை.

அந்தக் கோலத்தில்தான் அஞ்சலை எட்டிப் பார்த்தாள்.

"அய்யய்யே! இங்க வந்து பாருங்கடி! பொகையில்லா அடுப்புன்னு சொல்லிட்டு ரெண்டு பேருக்கும் கண்ணுல தண்ணி கொட்டிகினு கீது! எங்கடி அந்தக் கடப்பாறை?"

வாசலில் ஒரே கூச்சல். பி.டி.ஓ. முகம் வெளுத்துவிட்டது. "அடுப்பு நல்லாத்தான் எரியுது" என்று நான் கத்தியதை யாரும் நம்பவில்லை. கண் சிவந்து, மூக்கு ஒழுகி நிற்கிறவள் சொன்னால் யார்தான் நம்புவார்கள்? இரண்டு வாரம் அந்த அம்மாள் பிசைந்த மண்ணை இடிக்க அஞ்சலை கடப்பாறையோடு வருகிறாள். உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

"அக்கா, நில்லுங்க! அழுதது பொகையால இல்ல. நான் மேடைல இவங்கள அழகில்லாதவங்கன்னு சொல்லிட்டேன். அதான்!"

அஞ்சலை கடப்பாறையை ஊன்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"இன்னாது? வூடு தேடி வந்தவங்களையா அப்டி சொன்ன?"

"தெரியாம சொல்லிட்டேங்கா. நல்ல வார்த்தன்னு நெனச்சேன். அது அவங்க ஊர்ல கெட்ட வார்த்தையாயிடுச்சாம். நம்ம நாத்தம் இல்லியா, அது மாதிரி. அந்தக் காலத்துல நாத்தம்னா நல்ல வாசனைன்னு அர்த்தம். இப்ப மூக்கப் பொத்துறோம்ல?"

அஞ்சலை, எதிரே காய்ந்துகொண்டிருந்த கருவாட்டைப் பார்த்தாள். "யாரு பொத்துறது? எங்களுக்கு அது இன்னும் வாசனைதான்" என்றாள். வாசலே சிரித்தது. கடப்பாறையைக் கீழே போட்டுவிட்டு மிசஸ் பார்க்கரிடம் போனாள். தொப்பியைத் தன் கையால் எடுத்து, முகவாயைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். மீன் வாங்கும்போது செவுளைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள்.

"மூக்கு கொஞ்சம் பெரிசுதான். அதனால இன்னா? என் மாமியாருக்குகூட இதே மூக்கு. குப்பத்துலயே அவதான் ராசாத்தி. தொரசானியம்மா நல்லாத்தான் கீது."

நான் ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன், மூக்கு உட்பட. மிசஸ் பார்க்கர் அஞ்சலையின் கைகளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. அன்றைக்கே அந்த அடுப்பில் வஞ்சிர மீன் குழம்பு கொதித்தது. எல்லோரும் முறைவைத்து உள்ளே போய்ப் பார்த்தார்கள். ஒரு கண்ணும் எரியவில்லை. அந்த மழைக்காலத்துக்குள் குப்பத்தில் அநேகமாக எல்லா வீட்டிலும் கூரைக்கு மேலே குழாய் முளைத்துவிட்டது.

மூன்று மாதம் முடிந்ததும் பி.டி.ஓ. என்னைக் கூப்பிட்டார். மதராஸ் அதிகாரி அவருக்கு விஷயத்தை விளக்கியிருந்தார்போல. கையில் மிசஸ் பார்க்கரின் கடிதம், முகத்தில் துக்கம்.

"அந்தம்மா மனசுலயே வச்சிருந்து பழிவாங்கிட்டாங்கம்மா. இந்த நாட்டிலேயே நான் பார்த்த மிக ஹோம்லியான பெண் ரஷீதான்னு எழுதியிருக்காங்க. நான் இதை ஃபைல்ல சேர்க்கப் போறதில்லை."

"சேருங்க சார்! அது இங்கிலாந்து அர்த்தம், சார்!"

அவர் யோசித்தார். பிறகு கடிதத்தின் அடியில், 'மேற்படி சொல்லை இங்கிலாந்துப் பொருளில் கொள்க' என்று எழுதி, கையெழுத்திட்டு, ஆபீஸ் முத்திரையும் குத்தினார். வேலை நிரந்தரமாயிற்று.

இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குச் சதுரங்கப்பட்டினத்தில் ஜவுளிக்கடை. மீன்காரப் பெண்களெல்லாம் அங்கேதான் சேலை எடுப்பார்கள், ஆகவே என் புகழ் எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. நிக்காஹ் முடிந்து, வெளியே பந்தி நடந்துகொண்டிருந்த மத்தியானம். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்:

"ஒரே ஒரு சந்தேகம். இங்கிலாந்தா, அமெரிக்காவா?"

"முக்காட்ட எடுத்துப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க" என்றேன்.

எடுத்தார். நிதானமாகப் பார்த்தார்.

"இது ஏதோ புது நாடு மாதிரி கீதே" என்றார்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாருக்காவது சம்பந்தம் பேசிவிட்டு வந்தால், பெண்ணோ பிள்ளையோ எப்படி என்று ஒருவரும் கேட்பதில்லை. "இங்கிலாந்தா, அமெரிக்காவா?" என்றுதான் கேட்பார்கள். போன மாதம் பேத்தி தன்னோடு வேலை பார்க்கும் பையன் ஒருவனைப் பற்றி வந்து சொன்னாள். எல்லோரும் அதையே கேட்டோம். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "புது நாடு" என்றாள். மேற்கொண்டு ஒருவரும் விசாரிக்கவில்லை. என் மருமகள் எழுந்துபோய் பிரியாணிக்கு அரிசி ஊறப்போட்டாள்.